புகழ்பெற்ற கிராமத்துக்கு விடுமுறையைக் கொடுக்கலாமா? முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மதுரையில் குடியிருப்பவர்கள் விடுமுறைக்குப் போய்வரும் கிராமங்களின் பட்டியல் கடந்த சில ஆண்டுகளில் நன்றாக நீண்டுவிட்டது. கொடைக்கானல் ஏரியோடு நின்றுகொண்டவர்கள் இப்போது மேல்மலையில் பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் போகிறார்கள். காரைக்குடியில் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவர்கள் கானாடுகாத்தானில் இரவு தங்குகிறார்கள். வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் அலங்காநல்லூர், கீழடி, அரிட்டாபட்டி ஆகிய பெயர்கள் உடனே பேச்சில் வந்துவிடுகின்றன. இவற்றில் எதுவும் பார்க்கத் தகாத ஊர் இல்லை. ஆனால் பார்க்கத் தகுந்த ஊர் என்பது வேறு, குடும்பத்துக்குக் கிடைக்கும் இரண்டு மூன்று நாள் விடுமுறையை முழுவதுமாகக் கொடுக்கத் தகுந்த ஊர் என்பது வேறு. பெரும்பாலான ஏமாற்றங்கள் இந்த இரண்டையும் ஒன்றாக எண்ணிக்கொள்வதால் வருகின்றன.

படத்தில் தெரியும் ஊரும் நாம் நிற்கப்போகும் ஊரும்

பூம்பாறையை எடுத்துக்கொள்வோம். கைபேசியில் எல்லோரும் பார்த்திருக்கும் அந்தக் காட்சி, அதாவது படிக்கட்டு வயல்களுக்கு நடுவே வண்ண வண்ணமாக நெருக்கிக் கட்டிய வீடுகள், ஊருக்குள் போனால் தெரியாது. கொடைக்கானலிலிருந்து வரும் சாலையில், ஊருக்குச் சற்று முன்பாக, பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தால்தான் அது கண்ணில் படும். அங்கே வேனை நிறுத்தி, படம் எடுத்துக்கொண்டு, ஒரு தேநீரும் குடித்துக் கிளம்ப அரை மணி நேரம் தாராளம். அந்த அரை மணி நேரத்துக்காக ஊருக்குள் இரண்டு இரவு அறை எடுப்பவர், மறுநாள் காலை பத்து மணிக்கே பிள்ளைகளிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

ஊருக்குள் இறங்கினால் தெரிவது உழைக்கிற ஊர். குறுகலான தெருக்கள், மூட்டை சுமந்து போகும் மட்டக்குதிரைகள், வீட்டுக்குள் பரணில் தாளோடு கட்டித் தொங்கவிட்ட பூண்டு, உருளைக்கிழங்கும் கேரட்டும் ஏற்றக் காத்து நிற்கும் சரக்கு வண்டி. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அந்தப் பூண்டு விளையும் ஊர்களில் முதலில் சொல்லப்படுவது பூம்பாறை. குழந்தை வேலப்பர் கோயில் மூலவரைப் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது ஊரின் நம்பிக்கை. பூண்டு காயும் வீட்டில் பத்து நிமிடம் நின்று பேசுவதும், கோயிலில் சாவகாசமாக உட்கார்வதும், வயல் வரப்போரம் நடப்பதும் யாருக்குப் பிடிக்குமோ, அவருக்கு ஓர் இரவு அங்கே வீணாகாது. காட்சிக்கு மட்டும் வருபவருக்கு அங்கே அறை தேவையில்லை.

படத்தோடு சேர்த்துப் பருவத்தையும் பார்க்க வேண்டும். அறுவடை முடிந்து மண்ணைக் கிளறிப்போட்டிருக்கும் வாரத்தில் அதே வயல்கள் செம்பழுப்பாகக் கிடக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பிற்பகலிலேயே மூடுபனி இறங்கி எதிர்ப்பக்கம் முழுவதையும் மறைத்துவிடக்கூடும். படம் எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று கேட்காமல் முன்பதிவு செய்வது, பெண்ணைப் பார்க்காமல் நிச்சயதார்த்தத்துக்குத் தேதி குறிப்பதைப் போன்றது.

கிலோமீட்டரை எண்ணுவது

மதுரையிலிருந்து கொடைக்கானல் ஏறத்தாழ 120 கிலோமீட்டர், அங்கிருந்து பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டு, காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம் என்று முடிவு கட்டுபவர்கள் ஏராளம். சாதாரணச் செவ்வாய்க்கிழமைக்கு அந்தக் கணக்கு பொருந்தும். மே மாதச் சனிக்கிழமைக்குப் பொருந்தாது. வத்தலக்குண்டு தாண்டிக் காட்ரோட்டில் ஏறத் தொடங்கியதிலிருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வரையில் வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நகரும். நகருக்குள் நுழைந்து மேல்மலைச் சாலையைப் பிடிப்பதற்கு இன்னொரு பொழுது போகும்.

இதோடு இ-பாஸ் இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியிலிருந்து வரும் வாகனங்களுக்கு இது கட்டாயமானது. 2025 கோடையில் கொடைக்கானலுக்கு வார நாள்களில் 4,000 வாகனங்கள், வார இறுதியில் 6,000 வாகனங்கள் என்று வரம்பும் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. சொந்த வண்டியில் போகிறவர் அறைக்குப் பணம் கட்டிவிட்டுப் பாஸைப் பற்றி யோசிப்பது தலைகீழான வரிசை. முதலில் பாஸ், பிறகு அறை.

பொதுவாக ஒரு கணக்கைச் சொல்லலாம்: போய்வரும் பயண நேரத்தைவிட, அந்த ஊரில் வெளிச்சத்தில் விழித்திருக்கும் நேரம் குறைவாக இருந்தால், அது விடுமுறை அன்று, பயணம் மட்டுமே. வயதான பெற்றோரும் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கும் குழந்தையும் உடன் இருந்தால் இந்தக் கணக்கை இன்னும் கடுமையாகப் போட வேண்டும்.

பத்து மணி முதல் நான்கு மணி வரையிலான ஊர்

புகழ்பெற்ற கிராமம் ஒவ்வொன்றிலும் உண்மையில் இரண்டு ஊர்கள் இருக்கின்றன. ஒன்று, காலை பத்து மணிக்கு முதல் டெம்போ டிராவலர் வந்து நின்றதும் தொடங்கி, மாலை நான்கு மணிக்குக் கடைசி வண்டி திரும்பும்வரை இருக்கும் ஊர். மற்றொன்று, அதற்கு முன்னும் பின்னும் இருக்கும் ஊர். முதலாவதைப் பார்ப்பதற்கு இரவு தங்க வேண்டிய அவசியமே இல்லை; பகலில் வந்து போகிறவரும் அதையேதான் பார்க்கிறார். இரவுக்குக் கொடுக்கும் பணம் இரண்டாவது ஊருக்கான விலை. ஆகவே ஓர் ஊர் விடுமுறைக்குத் தகுமா என்பதைத் தீர்மானிக்க, அங்கே எத்தனை இடங்கள் இருக்கின்றன என்று எண்ணுவதைவிட, மாலை ஐந்து மணிக்கும் காலை ஏழு மணிக்கும் அங்கே நாம் என்ன செய்துகொண்டிருப்போம் என்று கேட்டுக்கொள்வதே பயன் தரும்.

மன்னவனூருக்கு இந்தக் கேள்வியைப் பொருத்திப் பார்க்கலாம். பகலில் ஏரிக்கும், புல்மேட்டுக்கும், ஆடு உரோம ஆராய்ச்சி நிலையத்தின் ஆடுகளைப் பார்ப்பதற்கும் கூட்டம் வருகிறது. கூட்டம் போன பிறகு குளிர் இருக்கிறது, நட்சத்திரங்கள் இருக்கின்றன, காலையில் புல்வெளியில் ஈரம் இருக்கிறது. கடை கண்ணி இல்லை, இருட்டிய பிறகு காட்டெருமை நடமாடும் சாலையில் உலாவவும் முடியாது. போர்வையைப் போர்த்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கத் தெரிந்த குடும்பத்துக்கு இது பெரும் சுகம். ஏழு மணிக்கு மேல் என்ன செய்வது என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளும் குடும்பம் கொடைக்கானல் நகரிலேயே தங்கி, பகலில் மன்னவனூர் போய்வருவதே நல்லது. இதில் தாழ்வு எதுவும் இல்லை.

பூட்டிய வீடுகளும் வாடிவாசலும்

கானாடுகாத்தான் விஷயத்தில் நேரும் தவறு வேறு வகை. ஊர் முழுவதும் திறந்து கிடக்கும் அருங்காட்சியகம் என்று நினைத்துக்கொண்டு வருகிறார்கள். ஒரு தெருவில் தலைவாசலும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீளும் அந்த நகரத்தார் வீடுகள் பலவும் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. குடும்பத்தில் கல்யாணமோ சடங்கோ வந்தால்தான் திறக்கப்படுகின்றன. மற்ற நாள்களில் வாசலில் பூட்டுத் தொங்கும். சாவி வைத்திருக்கும் காவலாளியைக் கண்டுபிடித்து, அவர் சம்மதித்து, முகப்பையும் வளவு எனப்படும் உள்முற்றத்தையும் காட்டினால் அது நம் அதிர்ஷ்டம். காட்டாவிட்டால் அது அவருடைய உரிமை. கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டும் வீடுகள் கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் சில உண்டு, அவற்றை அரை நாளில் நிதானமாகப் பார்த்துவிடலாம்.

அப்படியானால் அங்கே இரவு தங்குவதற்கு என்ன நியாயம்? தங்கும் வீடே நியாயம். பழைய வீட்டை விடுதியாக்கியிருக்கும் இடத்தில், வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் உட்கார்ந்து, பர்மாத் தேக்குத் தூணில் வெயில் நகர்வதைப் பார்ப்பதற்கும், சமையற்கட்டிலிருந்து வரும் சாப்பாட்டுக்குமே அந்தப் பணம். மலிவான அறையை வேறெங்கோ எடுத்துக்கொண்டு வீடுகளை வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பூட்டுகள்தான் மிஞ்சும். ஆத்தங்குடியில் கண்ணாடியின்மேல் வண்ணக் கலவையை ஊற்றித் தளக்கல் வார்க்கும் பட்டறைகளைப் பார்க்க எண்ணினால், போகும் நாளில் வேலை நடக்குமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ள வேண்டும். பள்ளி விடுமுறை என்பதற்காக மே மாதத்தில் போவது சிவகங்கைச் சீமையின் வெயிலை விலைகொடுத்து வாங்குவது. மார்கழியும் தையும் ஏற்ற மாதங்கள்.

அலங்காநல்லூரில் விழாவையும் ஊரையும் குழப்பிக்கொள்வதால் தவறு நேர்கிறது. பொங்கலன்று அவனியாபுரம், மாட்டுப்பொங்கலன்று பாலமேடு, அதற்கு மறுநாள் அலங்காநல்லூர் என்ற வரிசையில் நடக்கும் சல்லிக்கட்டுக்காகவே அந்த ஊரின் பெயர் உலகத்துக்குத் தெரியும். ஆண்டின் மற்ற நாள்களில் அது வயலும் வாடிவாசலும் சந்தையும் உள்ள ஊர். வெளிநாட்டிலிருந்து ஆகஸ்டில் வரும் உறவினரை அங்கே கூட்டிக்கொண்டு போய், வெறும் வாடிவாசல் முன்னால் நிறுத்திவைத்துப் பேச்சாலேயே மாட்டை ஓடவிட வேண்டியிருக்கும். தை மாதத்தில் போவதானால் அது விடுமுறை என்ற கணக்கில் வராது. அதிகாலையிலேயே இடம் பிடித்து, நாள் முழுவதும் வெயிலில் நிற்கும் தெம்பு வேண்டும். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட சல்லிக்கட்டு அரங்கம் வேறு, ஊருக்குள் வாடிவாசலில் நடப்பது வேறு என்பதையும் வண்டி பிடிக்கும் முன் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

அரை நாளுக்குப் போதுமானதை நீட்டுவது

கீழடி மதுரைக்குத் தென்கிழக்கே 12 கிலோமீட்டர். 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தை நன்றாகப் பார்க்க இரண்டு மூன்று மணி நேரம் போதும். அரிட்டாபட்டி தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022-இல் அறிவிக்கப்பட்டது; குடைவரைச் சிவன் கோயிலும் பழந்தமிழ் எழுத்தான தமிழியில் பொறித்த கல்வெட்டும் சமணப் படுக்கைகளும் ஒரே காலைப் பொழுதில் அடங்கும், அதுவும் பாறை சூடேறுவதற்கு முன் போனால். கீழக்குயில்குடி சமணர் மலையும் அப்படியே. இவற்றை ‘கிராமத்து விடுமுறை’ என்று பெரிதாக்கிப் பக்கத்திலேயே ரிசார்ட் தேடுவது தேவையற்ற செலவு. வீட்டில் தூங்கி எழுந்து போய்வருவதே இவற்றுக்குச் சரியான முறை.

கூட்டத்தைக் கண்டு ஒதுங்குவது

எதிர்ப்பக்கத் தவறு ஒன்றும் உண்டு. ‘அங்கெல்லாம் ஒரே கூட்டம், யாருக்கும் தெரியாத இடமாகப் பார்ப்போம்’ என்று கிளம்புவது. கூட்டம் வரும் ஊரில் பேருந்து இருக்கும், கழிப்பறை இருக்கும், வழிகேட்டால் சொல்ல ஆள் இருக்கும். யாருக்கும் தெரியாத இடம் என்று சமூக ஊடகத்தில் சொல்லப்படுவது பல சமயம் வனத்துறை அனுமதி இல்லாத காடாக இருக்கிறது. 2018 மார்ச்சில் போடி அருகே குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்ட மலையேற்றக்காரர்கள் உயிரிழந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மலை காய்ந்து கிடக்கும் மாசி, பங்குனியில் அனுமதியில்லாத பாதைக்கு அழைக்கும் எவரையும் மறுத்துவிட வேண்டும். உரிமம் இல்லாத கூடாரங்களில் தங்குவதும் இதே வகைதான். அதிகாரிகள் வந்து மூடச் சொன்னால் நடுராத்திரியில் பிள்ளைகளோடு சாலையில் நிற்க நேரிடும்.

புகழ்பெற்ற ஊரையே வார நாளில் தேர்ந்தெடுத்தால் கூட்டத்தின் பெரும்பகுதி தானாகக் குறைந்துவிடும். காலாண்டுத் தேர்வு விடுமுறையின் நடுவில் வரும் செவ்வாய், புதன் கிழமைகள் மேல்மலைக்குப் போக நல்ல நாள்கள். ஆயுத பூஜையை ஒட்டிய நாள்கள் அப்படியல்ல.

தொலைபேசியில் கேட்காமல் விடுவது

மதிப்பீட்டு நட்சத்திரங்களை நம்பி, விடுதிக்கு ஒருமுறைகூடப் பேசாமல் பணம் கட்டுகிறார்கள். நட்சத்திரம் கொடுத்தவர் கல்லூரி நண்பர்களோடு போனவரா, மூட்டுவலி உள்ள அம்மாவோடு போனவரா என்பது அதில் தெரியாது. பேசும்போது கட்டணத்தோடு சேர்த்துச் சில கேள்விகளைக் கேட்க வேண்டும்: வண்டி நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி, இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும், மின்சாரம் போனால் வெந்நீர் வருமா, மழை பெய்தால் வண்டி அறை வரை ஏறுமா, கடைசிப் பேருந்து எப்போது. ஊரில் வாழ்கிறவர் இவற்றுக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்வார். ‘முப்பது படி இருக்கும், அம்மாவுக்குக் கீழ் ரூமைத் தர்றேன்’ என்பது போன்ற பதில் வந்தால் அங்கே தாராளமாகத் தங்கலாம். எல்லாக் கேள்விக்கும் ‘நீங்க வாங்க சார், பாத்துக்கலாம்’ என்று மட்டும் சொல்பவருக்கு முன்பணம் அனுப்பக் கூடாது.