கிட்டாரோடு வில்லும் குடமும்: நான்கு பாட்டு ஈ.பி. பதிவு செய்யும் முறை

கிட்டாரும் குரலும் மட்டும் வைத்துச் சொந்தப் பாட்டுப் பாடுகிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் போதாமல் போகும். உடனே பழைய பாட்டின் மேல் ஸிந்த், டிரம் லூப், புல்லாங்குழல் என்று ஏற்றத் தொடங்குவார்கள். பாட்டு கனத்துப் போகும், விரியாது. புதுக் கருவி ஒன்று உள்ளே வர வேண்டுமானால் கிட்டார் அதற்கு இடம் விட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அந்த இடத்தை எங்கே, எப்படி விடுவது என்பதற்காகத்தான். திருநெல்வேலிச் சீமையில் இருப்பவர்கள் கருவி தேடி வெளியூர் போக வேண்டாம். கோயில் கொடைத் திருவிழா நடக்கிற ஊர்ப் பக்கம் வில்லுப்பாட்டின் வில்லும் குடமும் உடுக்கையும், கூடவே நாதஸ்வரமும் இருக்கின்றன.

படி 1: பாட்டுக்கு ஒரு புதுச் சத்தம்

ஈ.பி. என்றால் பொதுவாக 4 முதல் 6 பாட்டு, மொத்தம் 30 நிமிடத்துக்குள். முதல் முயற்சிக்கு நாலு போதும். ஒரு தாளில் இப்படி எழுதிக்கொள்ளுங்கள். முதல் பாட்டு, உங்கள் பழைய கிட்டார்–குரல் அப்படியே. இரண்டாவதில் குடம் மட்டும். மூன்றாவதில் முழு வில்லிசைக் குழு. நாலாவதில் நாதஸ்வரம். ஒரே பாட்டில் எல்லாவற்றையும் கொட்டினால் எதுவும் காதில் நிற்காது.

பங்குனி, சித்திரை, ஆடி மாதங்களில் கலைஞர்களுக்குக் கொடை வேலை தொடர்ந்து இருக்கும். அந்த நாட்களில் தேதி கேட்காதீர்கள்.

படி 2: சுருதியை முதலில் ஒத்துக்கொள்வது

நீங்கள் ஜி, டி என்பீர்கள், இந்தக் கலைஞர்கள் கட்டைக் கணக்கில் பேசுவார்கள். 1 கட்டை சி, 2 கட்டை டி, 3 கட்டை ஈ, 4 கட்டை எஃப், 5 கட்டை ஜி. அரைக் கட்டை என்றால் ஹார்மோனியத்தில் இடையில் வரும் கறுப்புக் கட்டை. நாதஸ்வரத்தின் சுருதியைக் கருவியே தீர்மானித்துவிடுகிறது, நினைத்தபடி மாற்ற முடியாது. வித்வான் 2½ கட்டை என்றால் அது டி ஷார்ப். கேப்போவை (கிட்டார் தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்) முதல் ஃபிரெட்டில் போட்டு டி வடிவங்களை வாசியுங்கள், அல்லது மூன்றாவது ஃபிரெட்டில் போட்டு சி வடிவங்கள். அந்தச் சுருதியில் உங்கள் குரல் எட்டவில்லையா? பாட்டின் மெட்டை மாற்றுங்கள், அல்லது வேறு சுருதி நாயனம் வைத்திருப்பவரைத் தேடுங்கள். மென்பொருளில் நாதஸ்வரத்தின் சுருதியை இழுத்து மாற்றினால் கமகங்கள் ரப்பர் போல ஆகிவிடும்.

படி 3: அறை

இரண்டு உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ், ஒரு கண்டென்சர் மைக், ஒரு டைனமிக் மைக், ஹெட்ஃபோன், ரீப்பர் போன்ற ஒரு மென்பொருள். இவ்வளவுதான் தேவை. பதிவு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். மிக உரத்த இடத்திலும் மீட்டர் -12 டெசிபலைத் தாண்டாதபடி கெயினை (உள்ளீட்டு அளவை) வையுங்கள்.

எதிரொலி குறைக்கச் சுவரில் பத்தமடைப் பாயைத் தொங்கவிடலாம் என்று பலருக்குத் தோன்றும். கோரைப்பாய் மெல்லியது, சத்தத்தைக் குடிக்காது. பாடுகிறவரின் முதுகுப் பக்கம் இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், தரையில் இரண்டு ஜமுக்காளம் போடுங்கள். மின்விசிறியை நிறுத்தியே ஆக வேண்டும். தென்காசி, ராதாபுரம் பக்கம் என்றால் ஆனி, ஆடிக் காற்று ஜன்னல் வழியே மைக்கில் ஏறும். அங்கே விடியுமுன் பதிவு செய்வதே நல்லது.

படி 4: குடம்

பத்தியால் (குடம் அடிக்கும் தட்டையான மட்டை) குடத்தின் வாயில் அடிக்கும்போது உள்ளே இருக்கும் காற்று அதிர்ந்து அந்தக் கனத்த 'தொம்' பிறக்கிறது. குடம் பெரிதானால் சுருதி தணியும். உங்கள் பாட்டின் சுருதிக்குக் கொஞ்சம் கீழே நின்றால் உள்ளே ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றி அடித்துப் பாருங்கள். காற்றுக்கு இடம் குறைவதால் சுருதி ஏறும். ஒவ்வொரு தம்ளராக ஊற்றுங்கள். மண் தண்ணீரை உறிஞ்சினால் சத்தம் மங்கும், அதனால் டேக் எடுக்கும் நேரத்தில் ஊற்றி, முடிந்ததும் கவிழ்த்து வையுங்கள்.

டைனமிக் மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, பக்கவாட்டில் வையுங்கள். நேர் மேலே வைத்தால் பத்தி அடிக்கும் காற்று மைக்கில் மோதி 'பட் பட்' என்று வெடிக்கும். கிட்டாரில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். அந்த அடித்தளம் இனி குடத்துக்கு.

படி 5: வில்லுக்குப் பாட்டைத் திருத்துவது

அதிகம் தவறு நடப்பது இங்கேதான், அதுவும் மைக் போடுவதற்கு முன்பே. வில்லிசையில் புலவர் (முதன்மைப் பாடகர்) ஒரு அடி பாடியதும் பக்கப்பாட்டுக்காரர்கள் 'ஆமா' போடுவார்கள், கடைசிச் சொல்லை எடுத்துத் திருப்பிப் பாடுவார்கள். கிட்டார் பாட்டெழுதிகளின் வரிகள் மூச்சு விடாமல் நீளும். ஆமா போட இடமே இருக்காது. உதாரணத்துக்கு இந்த வரி:

பாலத்து மேல நின்னு பாக்கையில ஆத்துத் தண்ணி செவந்து கடலுக்குப் போற மாதிரி இருக்கு

இதை இப்படி உடையுங்கள்:

பாலத்து மேல நிக்கேன் – ஆமா
ஆத்துத் தண்ணி செவந்திருக்கு – செவந்திருக்கு
மேக்க மழ பேஞ்சிருக்கு – ஆமா

பொருள் கெடவில்லை. ஒவ்வொரு அடியும் தனியாக நிற்கிறது, அடி முடிவில் இரண்டு தட்டு இடைவெளி இருக்கிறது. அந்த இரண்டு தட்டில் கிட்டாரை வாசிக்காதீர்கள், உள்ளங்கையால் தந்தியை அமர்த்துங்கள். அங்கே வில்லில் கட்டிய மணிகள் குலுங்கும் ஓசை தனியாகக் கேட்கும்போதுதான் கேட்பவருக்கு வில் வந்துவிட்டது என்று தெரியும்.

படி 6: வில்லைப் பதிவு செய்வது

வில்லின் நடுப்பகுதி குடத்தோடு சேர்த்துக் கட்டப்பட்டிருக்கும். வீசுகோல் நாணில் விழுந்ததும் மணிகள், குடம் எல்லாம் சேர்ந்தே அதிரும். தனித்தனியாகப் பிரித்துப் பதிவு செய்ய முயன்றால் குழுவின் உயிர் போய்விடும். எல்லோரையும் வழக்கம் போல் உட்கார வைத்து, கண்டென்சர் மைக்கை வில்லுக்கு முன்னால் ஒன்றரை மீட்டர் தள்ளி, உட்கார்ந்தவர் தலை உயரத்தில் வையுங்கள். டைனமிக் மைக்கை உடுக்கைக்குப் பக்கத்தில் ஒன்றரை அடி தூரத்தில். மழை நாளில் உடுக்கைத் தோல் தளர்ந்து சத்தம் சொதசொதவென்று ஆகும். அதைச் சூடு காட்டி இறுக்க வாசிப்பவருக்குத் தெரியும். பத்து நிமிடம் அவகாசம் கொடுங்கள்.

மெட்ரோனோமைத் திணிக்காதீர்கள். வில்லுப்பாட்டு போகப் போக வேகம் ஏறும், அதுதான் அதன் அழகு. குழுவை உங்கள் மாதிரிக் குரலோடு (வழிகாட்ட மட்டும் பாடுவது) நேரடியாக வாசிக்கச் செய்து பதிவு செய்யுங்கள். உங்கள் கிட்டாரையும் முடிவான குரலையும் பிறகு அதன் மேல் வையுங்கள்.

குறிப்புச் சொல்லும்போது 'டைனமிக்ஸ் குறைங்க' என்றால் யாருக்கும் புரியாது. 'அண்ணாச்சி, இந்த இடத்துல மணி மட்டும் போதும், குடம் அடுத்த அடியில வரட்டும்' என்றால் ஒரே டேக்கில் முடியும். ஒன்றை மறக்க வேண்டாம்: சாமி வரவழைக்கிற இடத்துப் பாட்டை எஃபெக்டுக்காகக் கேட்காதீர்கள். அவர்களுக்கு அது வழிபாடு.

படி 7: நாதஸ்வரம்

சின்ன அறை தாங்காது. கூடமோ, மேற்கூரை உள்ள திண்ணையோ வேண்டும். சத்தம் அணசிலிருந்து (நாயனத்தின் விரிந்த கீழ்வாய்) மட்டும் வருவதில்லை, விரல் துளைகளிலிருந்தும் வருகிறது. அதனால் மைக்கை அணசுக்கு நேரே காட்டாமல், இரண்டு மீட்டர் தள்ளிச் சற்றுப் பக்கவாட்டில், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். அணசுக்கு நேரே வைத்தால் கிறீச்சிடும், மீட்டரும் சிவக்கும். நாயனம் பாடும் இடத்தில் கிட்டாருக்குக் கீழ்த்தந்திகள் இரண்டு போதும், முழு ஸ்ட்ரம் வேண்டாம்.

படி 8: மிக்ஸிங், வெளியீடு

குரல் நடுவில். கிட்டார் இடப்பக்கம் 30 சதவீதம், உடுக்கை வலப்பக்கம் 30. மணிகளும் ஜால்ராவும் உங்கள் ச, ஷ எழுத்துகளோடு மோதும். குரலைக் கூட்டாமல், வில்லுக்கு முன்னால் வைத்த மைக்கின் பதிவில் 5 முதல் 8 கிலோஹெர்ட்ஸ் வரை 3 டெசிபல் இறக்குங்கள். கடைசி அளவு -14 எல்.யு.எஃப்.எஸ். (பாட்டின் சராசரி உரப்பை அளக்கும் அலகு) சுற்றி, உச்சம் -1 டெசிபல். நாலு பாட்டையும் வரிசையாக ஃபோன் ஸ்பீக்கரில் கேளுங்கள். இரண்டாவது பாட்டில் குடம் காணாமல் போனால், 200 ஹெர்ட்ஸ் பக்கம் கொஞ்சம் ஏற்றுங்கள்.

கலைஞர்களின் சம்பளம், வண்டிச் செலவு, சாப்பாடு எல்லாம் பதிவு நாளுக்கு முன்பே பேசி முடித்திருக்க வேண்டும். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி வாசித்தவருக்கும் பாடியவருக்கும் தங்கள் நிகழ்த்துதல் மேல் உரிமை உண்டு. ஆகவே என்ன பதிவாகிறது, எங்கே வெளியாகிறது, வருமானத்தில் பங்கு உண்டா என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி, வாசித்துக் காட்டி, இருவரும் கையெழுத்திடுங்கள். அட்டைப்படம் 3000 x 3000 பிக்சல். வெளியீட்டுத் தேதிக்கு நாலு வாரம் முன்பே கோப்புகளை வெளியீட்டுத் தளத்துக்கு அனுப்பிவிடுங்கள். பங்களிப்பாளர் பட்டியலில் 'வீசுகோல்', 'குடம்' என்ற தேர்வுகள் இல்லாவிட்டால் 'தாளக் கருவி' என்று போட்டு, விவரக் குறிப்பில் ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் கருவியையும் அவர்களிடம் எழுத்து சரிபார்த்த பின் சேருங்கள்.