பொருளியல் பேராசிரியர் ஆக: முதுகலையிலிருந்து பதினான்காம் நிலை வரை

உதவிப் பேராசிரியராகச் சேரும்போதே பிஎச்.டி. கையில் இருந்தால், பணிமேம்பாட்டுத் திட்டத்தின்படி (எல்லோரும் சிஏஎஸ் என்றே சொல்கிறார்கள்) பேராசிரியர் ஆவதற்குக் குறைந்தது 15 ஆண்டுகள் வேண்டும். உதவிப் பேராசிரியராகச் சேரும் பத்தாம் ஊதிய நிலையிலிருந்து பதினொன்றுக்கு 4, அங்கிருந்து பன்னிரண்டுக்கு 5, இணைப் பேராசிரியருக்கான 13ஏ நிலைக்கு 3, பேராசிரியருக்கான பதினான்காம் நிலைக்கு மேலும் 3. பிஎச்.டி. இல்லாமல் சேர்ந்தால் முதல் படிக்கே 6 ஆண்டுகள். 13ஏ நிலைக்குப் போகும்போது எப்படியும் பிஎச்.டி. கேட்பார்கள். தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் ஓய்வு வயது 60; மத்தியப் பல்கலைக்கழகங்களில் 65. முப்பத்தெட்டு வயதில் வேலை கிடைத்தவர் ஐம்பத்துமூன்றுக்கு முன் பேராசிரியர் ஆவது கடினம். ஆகவே முதுகலை படிக்கும்போதே பின்னோக்கிக் கணக்குப் போட வேண்டும்.

இங்கே சொல்வது பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 ஜூலை விதிமுறைகளையும் பிற்காலத் திருத்தங்களையும் ஒட்டியது. 2025 ஜனவரியில் புதிய வரைவு ஒன்று வெளியாகிப் பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதனால் விண்ணப்பிக்கும் சமயத்தில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்பதை அறிவிக்கையில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், பிறகு திருத்த முடியாதவை

முதுகலையில் 55 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, வளமான பிரிவில் வராத இதர பிற்படுத்தப்பட்டோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு 50. கருணை மதிப்பெண் கணக்கில் வராது. 54.8 என்றால் 54.8தான், மேலே தள்ளி 55 ஆக்கமாட்டார்கள். பிஎச்.டி. முடித்து, தேசியத் தகுதித் தேர்வான நெட்டும் தேறி, பத்துக் கட்டுரை எழுதிய பிறகு இந்த 0.2 சதவீதத்தில் வெளியே நிற்பவர்கள் உண்டு. முதல் பருவத்தில் ஒரு தாளில் சறுக்கினால் மேம்பாட்டுத் தேர்வுக்கு உங்கள் பல்கலைக்கழகத்தில் வழி இருக்கிறதா என்று உடனே விசாரியுங்கள். பட்டம் வாங்கிய பிறகு அந்தக் கதவு பெரும்பாலும் மூடியிருக்கும்.

இரண்டாவது, பட்டத்தின் பெயர். பயன்பாட்டுப் பொருளியல், வணிகப் பொருளியல் போன்ற பட்டங்கள் ‘எம்.ஏ. பொருளியல்’ பட்டத்துக்கு இணையா என்று தமிழ்நாட்டு அரசுப் பணிகளில் கேட்பார்கள். இணை என்பதற்கு அரசாணை இருக்க வேண்டும். சான்றிதழ் சரிபார்ப்பு அன்றைக்கு அதைத் தேடி ஓடுவதில் பயனில்லை.

மூன்றாவதாக, மத்திய நிறுவனங்களுக்கு இதர பிற்படுத்தப்பட்டோர் சான்று மத்திய அரசின் படிவத்தில், வளமான பிரிவில் இல்லை என்ற குறிப்போடு இருக்க வேண்டும். மாநிலத்தின் பிசி, எம்பிசி சான்றிதழை மட்டும் இணைத்து அனுப்பினால் பொதுப்பிரிவில் போட்டுவிடுவார்கள், அல்லது விண்ணப்பமே தள்ளுபடி ஆகும்.

நெட், செட்

2023 ஜூலை முதல் உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் (மாநிலத் தகுதித் தேர்வு) தேர்ச்சியே அடிப்படைத் தகுதி, பிஎச்.டி. கட்டாயமில்லை. நெட் இந்தியா முழுவதும் செல்லும். செட் எந்த மாநிலத்தில் தேறினீர்களோ அங்கே மட்டும்தான். சென்னையில் செட் தேறியவர் அதை வைத்துப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது.

நெட்டில் முதல் தாள் 50 கேள்வி, 100 மதிப்பெண். இரண்டாம் தாளான பொருளியல் 100 கேள்வி, 200 மதிப்பெண். இரண்டும் சேர்த்து 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது இல்லை, எனவே ஒரு கேள்வியையும் விடாமல் குறித்துவிட வேண்டும். பாடத்திட்டத்தில் பத்து அலகுகள். தமிழ்வழியில் படித்த மாணவர்கள் பலர் இந்தியப் பொருளாதாரம், பொது நிதி, பணமும் வங்கியும் என்ற மூன்றிலேயே ஆறு மாதத்தைக் கழித்துவிடுகிறார்கள். தேர்வில் ஆளைப் பிரிப்பவை நுண்ணியல், புள்ளியியல்-பொருளியலளவை (எகனாமெட்ரிக்ஸ்), கணிதப் பொருளியல். கணக்கு வரும் அலகுகளை முதலில் முடியுங்கள். நடப்பு விவரங்களைக் கடைசி மாதத்தில் படித்துக்கொள்ளலாம். முதல் தாளை அலட்சியம் செய்ய வேண்டாம். தகுதிப் பட்டியல் இரண்டு தாளின் கூட்டுத்தொகையில்தான் போடப்படுகிறது, அதில் மூன்றில் ஒரு பங்கு முதல் தாளுடையது.

முதுகலை இறுதியாண்டிலேயே எழுதலாம். ஜேஆர்எஃப் (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 ஜனவரி முதல் நடப்பில் இருக்கும் விகிதப்படி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. இதற்கு வயது வரம்பு உண்டு, பொதுப்பிரிவுக்கு 30. உதவிப் பேராசிரியர் தகுதிக்கு மட்டும் எழுதினால் வயது வரம்பு இல்லை. 2024 ஜூன் தேர்விலிருந்து பிஎச்.டி. சேர்க்கைக்கும் நெட் மதிப்பெண் பயன்படுகிறது. ஜேஆர்எஃப் இல்லாதவர்களுக்கு நெட்டுக்கு 70, நேர்காணலுக்கு 30 என்ற விகிதம். அந்த மதிப்பெண் ஓர் ஆண்டுக்குத்தான் செல்லும்.

பிஎச்.டி.: இடமும் வழிகாட்டியும்

வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஓர் இடத்தில் பதிவு செய்வது இந்தத் துறையில் அதிகம் நடக்கும் தவறு. பொருளியலில் பாடநெறிப் பயிற்சிதான் அடித்தளம். யுஜிசி 2022 விதிப்படி பாடநெறிக்குக் குறைந்தது 12 மதிப்பலகு (கிரெடிட்) போதும். ஆனால் மும்பை இந்திரா காந்தி வளர்ச்சி ஆய்வு நிறுவனம், டெல்லி ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ், இந்தியப் புள்ளியியல் நிறுவனம் போன்ற இடங்களில் அதற்கு மேலும் கறாராக நடத்துவார்கள். சென்னையில் கோட்டூர்புரத்தில் இருக்கும் மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் அளவைமுறைக்கும் சுற்றுச்சூழல் பொருளியலுக்கும் பேர்போனது. மால்கம் ஆதிசேஷையா 1971-இல் அடையாற்றில் தொடங்கிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தமிழகக் கிராமம், நிலம், சாதி, உழைப்பு பற்றிய கள ஆய்வில் நீண்ட மரபு உண்டு. திருவனந்தபுரம் வளர்ச்சி ஆய்வு மையத்தில் தொழிலாளர், புலம்பெயர்வு ஆய்வுகள் வலுவானவை.

வழிகாட்டியைப் பிடிக்கும் முன் மூன்றைக் கேளுங்கள். கையில் எத்தனை மாணவர் இருக்கிறார்கள்? பேராசிரியர் 8, இணைப் பேராசிரியர் 6, உதவிப் பேராசிரியர் 4 பேரைத்தான் வைத்துக்கொள்ளலாம். ஓய்வுக்கு எத்தனை ஆண்டு இருக்கிறது? மூன்றுக்குக் குறைவானால் புதிய மாணவரை எடுக்க முடியாது. கடைசியாக, அவரிடம் முடித்தவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? இதை அவரிடம் கேட்பதைவிட இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் தொகுத்துவைக்கும் ஷோத்கங்கா தளத்தில் அவர் பெயரில் ஏறிய ஆய்வேடுகளைப் பார்ப்பது நல்லது. காலம் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6; மறுபதிவில் மேலும் 2, பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் இன்னும் 2.

தலைப்பு தரவிலிருந்து பிறக்கட்டும். ‘தமிழ்நாட்டில் பெண்கள் முன்னேற்றத்தில் சுய உதவிக் குழுக்களின் பங்கு – ஓர் ஆய்வு’ போன்ற தலைப்பில் இருநூறு வினாத்தாளை ஒரு வட்டாரத்தில் நிரப்பி, சதவீத அட்டவணை போட்டு முடிக்கும் ஆய்வேடு பட்டம் வாங்கித் தரும். அதிலிருந்து ஒரு நல்ல இதழில் கட்டுரை வராது. குழுவில் சேர்ந்தவர்கள் ஏற்கெனவே முனைப்பானவர்களாக இருந்திருக்கலாமே என்ற முதல் கேள்விக்கே அதில் பதில் இருக்காது.

தேசிய மாதிரி ஆய்வு, 2017-18 முதல் வரும் காலமுறை உழைப்பாளர் கணக்கெடுப்பு, தேசியக் குடும்பநல ஆய்வு ஆகியவற்றின் அலகுநிலைத் தரவை (வீடு வாரியாக, ஆள் வாரியாக உள்ள மூலத் தரவு) பதிவு செய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இங்கே இரண்டு இடத்தில் வழுக்கும். ஒன்று, எடை: மாதிரியில் உள்ள ஒருவர் மக்கள்தொகையில் எத்தனை பேருக்குச் சமம் என்ற எண். இதைப் பெருக்கியிலிருந்து கணக்கிட வேண்டும். பழைய தேசிய மாதிரிச் சுற்றுகளில் பெருக்கியை அப்படியே எடுக்கக் கூடாது. தரவுக் கோப்பில் வரும் என்எஸ்எஸ், என்எஸ்சி என்ற இரு புலங்களும் சமமானால் 100-ஆல், இல்லையென்றால் 200-ஆல் வகுக்க வேண்டும். உழைப்பாளர் கணக்கெடுப்பில் ஆண்டு மதிப்பீட்டுக்குக் காலாண்டுகளின் எண்ணிக்கையாலும் வகுக்க வேண்டும். சுற்றுக்குச் சுற்று இது மாறலாம் என்பதால் கூடவே வரும் விளக்கக் கோப்பைப் படிக்காமல் மென்பொருளைத் திறக்க வேண்டாம். மொத்த மக்கள்தொகையைக் கூட்டிப் பார்த்தாலே பிழை தெரிந்துவிடும். இரண்டு, மாவட்ட எல்லை. 2019-இன் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள், இன்று 38. கள்ளக்குறிச்சியைப் பழைய விழுப்புரத்தோடு சேர்க்காமல் இரண்டு ஆண்டுகளை ஒப்பிட்டால் விழுப்புரத்தில் பெரும் பகுதி மக்கள் காணாமல் போனது போலத் தெரியும்.

சமர்ப்பிக்கும்போது எழுத்தொப்புமை 10 சதவீதம் வரை பிரச்சினை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி, ஆறு மாதத்துக்குள் மறுபடி கொடுக்கலாம். 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்து.

கட்டுரை எங்கே, யாரோடு

முன்பு ஏற்கத்தக்க இதழ்களின் பட்டியலான யுஜிசி-கேர் பட்டியலில் இதழ் இருக்கிறதா என்று பார்த்தால் போதும். 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியல் கைவிடப்பட்டது. இப்போது இதழின் தரத்தை நிறுவனமே எடைபோடுகிறது. மூன்றே நாளில் ஏற்பு, ஏற்ற உடனே கட்டணம், ஒரே இதழில் வேதியியலும் வணிகவியலும், ஆசிரியர் குழுவின் மின்னஞ்சல் முகவரி எதுவும் பல்கலைக்கழகத்துடையது அல்ல – இவற்றில் இரண்டு தென்பட்டாலே விலகிவிடுங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் திருடி நடத்தும் போலித் தளங்களும் உண்டு. பதிப்பகத்தின் தளத்திலிருந்தே இதழுக்குள் போவது பாதுகாப்பு.

எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இந்தியப் பொருளியலாளர்கள் உண்மையிலேயே வாசிக்கும் இதழ். அளவைமுறை மிகுந்த கட்டுரைக்கு இந்தியன் எகனாமிக் ரிவ்யூ, ஜர்னல் ஆஃப் குவான்டிடேடிவ் எகனாமிக்ஸ் பொருந்தும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஒன்றை அனுப்பிவிட்டு அடுத்ததை எழுதத் தொடங்குங்கள்; ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழுக்கு அனுப்பினால் இரண்டிலும் பெயர் கெடும்.

இனி ஆய்வு மதிப்பெண்: இணைப் பேராசிரியர், பேராசிரியர் பணிகளுக்கு நேரடியாக விண்ணப்பிக்கும்போது ஆய்வுப் பணிக்குப் போடும் கணக்கு. சமூக அறிவியலில் ஒரு கட்டுரைக்கு அடிப்படை 10. தாக்கக் காரணி (இதழின் கட்டுரைகள் சராசரியாக எவ்வளவு மேற்கோள் காட்டப்படுகின்றன என்ற அளவு) இல்லாத மதிப்பாய்வு இதழானால் கூடுதலாக 5, காரணி ஒன்றுக்குக் கீழே 10, ஒன்றிலிருந்து இரண்டு வரை 15 என்று ஏறும். இருவர் எழுதினால் ஆளுக்கு 70 சதவீதம். மூவரோ அதற்கு மேலோ என்றால் முதன்மை ஆசிரியருக்கு 70, மற்றவர்களுக்கு 30. நால்வரில் மூன்றாவது பெயராகப் போவது நட்புக்கு நல்லது, கோப்புக்கு உதவாது. வழிகாட்டிய பிஎச்.டி. பட்டமாக முடிந்தால் 10. தேசியப் பதிப்பகத்தில் நூலுக்கு 10. ஒரு நூலை மொழிபெயர்த்தால் 8. தமிழில் பொருளியல் பாடநூல் தேவைப்படும் அளவுக்கு இதை யாரும் பயன்படுத்திக்கொள்வதாகத் தெரியவில்லை.

பதவி உயர்வு வழியல்லாமல் நேரடியாகப் பேராசிரியர் பணிக்கு 120 வேண்டும், இணைப் பேராசிரியருக்கு 75. தனியாக எழுதிய, தாக்கக் காரணி இல்லாத இதழ்க் கட்டுரை ஆறு (90), முடித்த பிஎச்.டி. மாணவர் இருவர் (20), ஒரு நூல் (10) என்றால் 120. ஆனால் அத்தோடு நிற்காது. வெளியீடுகளின் எண்ணிக்கை பேராசிரியருக்குக் குறைந்தது 10, இணைப் பேராசிரியருக்கு 7. அனுபவம் முறையே 10, 8 ஆண்டுகள். மதிப்பெண் குறைந்தது மூன்று வகைகளிலிருந்து வர வேண்டும். வெறும் கட்டுரைகளாகவே 200 எடுத்தாலும் செல்லாது.

விண்ணப்பமும் நேர்காணலும்

பல்கலைக்கழக உதவிப் பேராசிரியர் பணிக்கான சுருக்கப் பட்டியல் கணக்கில் பிஎச்.டி.க்கு 30, ஜேஆர்எஃப்போடு நெட் என்றால் 7, நெட் 5, செட் 3, கட்டுரைக்குத் தலா 2 வீதம் அதிகபட்சம் 10. இந்த மதிப்பெண் நேர்காணலுக்கு அழைக்க மட்டுமே. தேர்வு முழுக்க நேர்காணலில்தான். அதில் ஆய்வைப் பற்றிய கேள்வியைவிட இளங்கலைப் பாடக் கேள்வியில்தான் அதிகம் பேர் தடுமாறுகிறார்கள். நுண்ணியலின் ஸ்லட்ஸ்கி சமன்பாட்டைக் கரும்பலகையில் வருவிக்கவும், பேரியலின் ஐஎஸ்-எல்எம் கோடு எதனால் நகர்கிறது என்று ஐந்து நிமிடத்தில் மாணவருக்குச் சொல்வது போலச் சொல்லவும் பழகியிருங்கள்.

தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் ஆளெடுக்கிறது. உதவிபெறும் கல்லூரியில் நிர்வாகம் எடுக்கும். கல்லூரிக் கல்வி இணை இயக்குநரின் ஒப்புதல் வந்த பிறகுதான் அரசுச் சம்பளம். அடிப்படை ஊதியம் பத்தாம் நிலையில் 57,700, பதினான்கில் 1,44,200.

கௌரவ விரிவுரையாளராக இருந்த ஆண்டுகளைப் பிற்காலத்தில் பதவி உயர்வுக்குக் காட்டலாம் என்று நம்பிப் பலர் காத்திருக்கிறார்கள். யுஜிசி விதிப்படி, முறையான தேர்வுக்குழு வழியாக நியமனம் நடந்திருக்க வேண்டும். மொத்தச் சம்பளமும் நிரந்தர உதவிப் பேராசிரியர் வாங்குவதற்குக் குறையாமல் இருந்திருக்க வேண்டும். தொகுப்பூதியத்தில் இது நிறைவேறாது. விடுப்பு எடுத்து பிஎச்.டி. செய்த காலமும் அனுபவத்தில் சேராது; விடுப்பில்லாமல் வகுப்பு எடுத்துக்கொண்டே செய்திருந்தால் சேரும்.

சேர்ந்த பிறகு

வாரம் 16 மணி நேரம் வகுப்பு. இணைப் பேராசிரியர், பேராசிரியருக்கு 14. நடைமுறையில் தேர்வுப் பணி, தர மதிப்பீட்டுக்கான நாக் கோப்பு, சேர்க்கைக் குழு என்று மீதி நேரம் கரையும். பாடவேளை போடும்போதே ஒரு முழுக் காலைப்பொழுதைக் காலியாகக் கேட்டு வாங்குங்கள். துண்டு துண்டான மூன்று மணி நேரத்தில் தரவை மதிப்பிடும் கணினி நிரல் ஒன்றுகூட முடியாது.

முதல் நான்கு ஆண்டுக்குள் 21 நாள் தொடக்கப் பயிற்சியை முடியுங்கள். பதவி உயர்வு தகுதி முழுமையான நாளிலிருந்துதான் கணக்காகும். பயிற்சியை ஒன்றரை ஆண்டு தள்ளிப்போட்டால் அந்த ஒன்றரை ஆண்டு அடுத்த எல்லாப் படிகளிலும் தொடரும். நியமன ஆணை, ஒப்புதல் ஆணை, பயிற்சிச் சான்று, கட்டுரையின் முதல் பக்கம், இதழின் ஆசிரியர் குழுப் பக்கம் ஆகியவற்றை வெளியான அன்றே சேமித்துவையுங்கள். பத்து ஆண்டு கழித்து அந்த இதழின் தளமே இல்லாமல் போகலாம்.

மூன்று கட்டுரை வந்ததும் வழிகாட்டி அங்கீகாரத்துக்கு விண்ணப்பியுங்கள், பிஎச்.டி. பெற்ற நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு அந்த எண்ணிக்கை போதும். உங்கள் துறை ஆய்வு மையமாக அங்கீகரிக்கப்படவில்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்க வேண்டும், அதற்குத் துறைத் தலைவரின் ஒத்துழைப்பு தேவை. நேரடிப் பேராசிரியர் பணிக்கு முடித்த ஆய்வு மாணவர் ஒருவராவது இருக்க வேண்டும். ஒருவர் முடிக்க ஐந்தாறு ஆண்டு ஆகும். ஆகவே முதல் மாணவரைப் பணியின் ஐந்தாம் ஆண்டுக்குள் எடுத்துவிடுங்கள். 60-இல் ஓய்வுபெறுபவர் கடைசி மாணவரை 57-க்குள் எடுத்தாக வேண்டும்.