பழைய டெஸ்க்டாப்பில் ஓஎஸ் மாற்றிப் போடுவது எப்படி: மும்பைக்காரர்களுக்கான வழிகாட்டி

மாட்டுங்கா, சயான், தாராவி, செம்பூர் பக்கம் நம்மவர்களின் வீடுகளிலும் சின்னக் கடைகளிலும் 10, 12 வருடத்து டெஸ்க்டாப்புகள் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. மெஷின் தடுமாற ஆரம்பித்ததும் 'ஃபார்மேட் அடித்துவிடலாம்' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். ஆனால் இந்த வயது மெஷினில் ஓஎஸ் (விண்டோஸ், லினக்ஸ் போன்ற அடிப்படை மென்பொருள்) கெட்டுப்போகப் பல நேரம் ஹார்டு டிஸ்க்கோ ரேமோதான் காரணம். அதைப் பார்க்காமல் புதிதாகப் போட்டால் சில வாரங்களில் அதே தொல்லை திரும்பும். அதனால் இந்தக் குறிப்பில் பாதி, பென் டிரைவைச் செருகுவதற்கு முன் செய்யவேண்டியவை பற்றியது.

முதலில் எந்த ஓஎஸ் என்று முடிவு செய்யுங்கள். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் 8-ம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். பூட் பென் டிரைவ் தயாரிக்கும் ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் இந்தச் சோதனைகளைத் தாண்டலாம் என்றாலும், கோர் 2 டுவோ என்ற பழைய இன்டெல் பிராசஸர் உள்ள மெஷின்களில் விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு பூட்டே ஆகாது. அதற்குத் தேவையான கட்டளைகள் அந்தப் பிராசஸர்களில் இல்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கை இணைத்துப் பதிவு செய்தால் வீட்டுப் பயனாளர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் உண்டு. டாலி கணக்கு மென்பொருள், அரசுத் தளங்களுக்கான டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் போன்றவை இருந்தால் விண்டோஸ் 10-ஐ விட முடியாது. பிரவுசர், மெயில், யூடியூப், கடிதம் அடிப்பது மட்டும்தான் வேலை என்றால் இலவச ஓஎஸ்ஸான லினக்ஸ் மின்ட் 22-ன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுங்கள். குறைந்தது 2 ஜிபி ரேம், 4 ஜிபி இருந்தால் நிம்மதி. 2029 வரை அப்டேட் வரும். இன்டெல்லின் பழைய ஜி31, ஜி41 சிப்செட் உள்ள மதர்போர்டு வைத்திருப்பவர்களுக்கு மின்ட்தான் சரி என்பது எங்கள் திடமான கருத்து. அந்தப் போர்டுகளின் உள்கிராபிக்ஸுக்கு இன்டெல் விண்டோஸ் 10 டிரைவரே வெளியிடவில்லை. லினக்ஸில் அந்த டிரைவர் ஓஎஸ்ஸின் மையமான கெர்னலோடு சேர்ந்தே வருகிறது.

டிஸ்க், ரேம், பேட்டரி

பழைய விண்டோஸ் இன்னும் திறக்கிறது என்றால் டிஸ்க்கின் நிலையைச் சொல்லும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளை ஓட்டுங்கள். 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளின் கடைசி எண்களைப் பாருங்கள். சி5-ல் பூஜ்யத்தைத் தவிர வேறு எது இருந்தாலும் அந்த டிஸ்க்கில் ஓஎஸ் போடாதீர்கள். படிக்க முடியாத இடங்கள் அதில் ஏற்கெனவே வந்துவிட்டன. சி7 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க் பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், டிஸ்க்கைப் போர்டோடு இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினால் போதும்.

டிஸ்க் நன்றாக இருந்தாலும் ஓஎஸ்ஸுக்கு ஒரு 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி வாங்குங்கள். பழைய போர்டில் சாட்டா 2 தான், முழு வேகம் வராது என்று கடையில் சொல்வார்கள். உண்மைதான், ஆனாலும் வாங்கலாம். மெஷினை இழுத்துப் பிடிப்பது சின்னச் சின்ன ஃபைல்களைத் தேடும் நேரம்; எஸ்எஸ்டியில் அந்தக் காத்திருப்பே போய்விடுகிறது. எஸ்எம்பிஎஸ்ஸில் (மின்சாரம் தரும் பெட்டி) சாட்டா பவர் முனை இல்லையென்றால், பழைய மாலெக்ஸ் பவர் முனையைச் சாட்டாவாக்கும் கன்வர்டர் தேவைப்படும். அச்சில் வார்த்த ஒட்டுப் பிளாஸ்டிக் முனை உள்ளதில் உள்ளே கம்பிகள் உரசித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு. கம்பிகள் தனித்தனியாகக் கிரிம்ப் செய்யப்பட்டதாக (அழுத்திப் பொருத்தியதாக)ப் பார்த்து வாங்குங்கள்.

ரேமைக் கழற்றித் தங்க நிறப் பற்களை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூள் ஒட்டாமல் துடைத்துத் திரும்பப் பொருத்துங்கள். மும்பையின் கடற்காற்றும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான ஈரமும் அந்தப் பற்களில் படலம் கட்டும். மழைக்காலத்தில் திடீரென டிஸ்பிளே வராமல் பீப் அடிக்கும் மெஷின்களில் பல இதிலேயே சரியாகிவிடும். பிறகு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐப் பென் டிரைவில் போட்டு ஒரு முழுச் சுற்று ஓட்டுங்கள். ஒரே ஒரு சிவப்பு வரி வந்தாலும் அந்த ரேமோடு ஓஎஸ் போடக்கூடாது. காப்பியாகும் ஃபைல்கள் ரேம் வழியாகத்தான் டிஸ்க்குக்குப் போகின்றன. கெட்ட ரேம் அவற்றைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும்.

ரேம் கூட்ட நினைக்கும் ஜி41 போர்டுக்காரர்கள் கவனிக்கவேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்த சிப்செட்டுக்கு 4 ஜிபி டிடிஆர்3 ரேம் என்றால் இரு பக்கமும் சேர்த்து 16 சிப் இருக்கவேண்டும். ஒரு பக்கம் மட்டும் 8 சிப் உள்ள 4 ஜிபி ரேமைப் போட்டால் பாதி காட்டும், அல்லது டிஸ்பிளேயே வராது. கடையில் கையில் வாங்கி எண்ணிப் பாருங்கள்.

போர்டில் தேதியையும் அமைப்புகளையும் காக்கும் சிஆர்2032 வட்டப் பேட்டரியை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது தீர்ந்தால் தேதி பல வருடம் பின்னே போகும், பிரவுசர் எல்லாத் தளங்களையும் பாதுகாப்பற்றவை என்று சொல்லும், அப்டேட்டும் ஆக்டிவேஷனும் நின்றுபோகும். பயாஸில் (ஓஎஸ்ஸுக்கு முன் ஓடும், போர்டின் அமைப்பு மென்பொருள்) டிஸ்க்கோடு பேசும் முறையான சாட்டா மோடு ஏஎச்சிஐயிலிருந்து ஐடிஇக்குத் தானே மாறிவிட்டால் புதிதாகப் போட்ட விண்டோஸ் நீலத்திரையோடு நிற்கும். இவ்வளவையும் ஒரு சின்னப் பேட்டரி தடுக்கிறது.

இவை எல்லாம் கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த லேமிங்டன் ரோட்டில் கிடைக்கும். கிராண்ட் ரோடு ஸ்டேஷனில் கிழக்குப் பக்கம் இறங்கி நடக்கலாம். ஸ்லோ லோக்கல் மட்டுமே அங்கே நிற்கும். சயான், மாட்டுங்கா பக்கமிருந்து வருபவர்கள் தாதரில் வெஸ்டர்ன் லைனுக்கு மாறவேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். எஸ்எஸ்டிக்கு ஜிஎஸ்டி பில்லும், அதில் சீரியல் நம்பரும் கேட்டு வாங்குங்கள்.

பேக்கப்: எழுத்துருக்களை மறக்காதீர்கள்

டாக்குமெண்ட்ஸ், டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், படங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். நம்மவர்கள் தொலைப்பது தமிழ் எழுத்துருக்களைத்தான். பாமினி, வானவில், டாப், டாம் வகைப் பழைய (யூனிகோட் அல்லாத) எழுத்துருக்களில் அடித்த வேர்டு ஃபைலில் எழுத்துருவின் பெயர் மட்டும் இருக்கும், எழுத்துரு இருக்காது. ஃபார்மேட்டுக்குப் பின் சங்க அழைப்பிதழும் கோயில் கணக்கும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் திறக்கும். ஆகவே சி டிரைவில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபான்ட்ஸை முழுதாகக் காப்பி எடுங்கள். புதிய விண்டோஸ் 10-ல் ரைட் கிளிக் செய்து நிறுவிய எழுத்துரு அங்கே இல்லாமல் யூசர் ஃபோல்டரின் ஆப்டேட்டாவுக்குள், லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்ற வழியில் இருக்கலாம். இரண்டு இடத்தையும் பாருங்கள்.

டாலி இருந்தால் கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும் திரையில் டேட்டா எந்தப் பாதையில் இருக்கிறது என்று தெரியும். அந்த ஃபோல்டரை எடுங்கள். ஃபார்மேட்டுக்கு முன்பே டாலி லைசன்ஸை சரண்டர் செய்துவிடுவது நல்லது. அவுட்லுக் பயன்படுத்தினால் மெயில்கள் இருக்கும் பிஎஸ்டி ஃபைலையும் எடுங்கள். பேக்கப்பை இரண்டு இடத்தில் வையுங்கள், அதில் ஒன்றையாவது வேறு மெஷினில் திறந்து பாருங்கள்.

விண்டோஸ் 10 ஏற்கெனவே ஆக்டிவேட் ஆகியிருந்தால் அந்த உரிமம் போர்டோடு பதிவாகியிருக்கும். டிஸ்க் மாறினாலும் பரவாயில்லை. ஹோம், புரோ எது என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். வேறு பதிப்பைப் போட்டால் ஆக்டிவேட் ஆகாது. விண்டோஸ் 7 சாவியை வைத்து 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வழியை மைக்ரோசாஃப்ட் 2023-ல் அடைத்துவிட்டது.

பென் டிரைவும் பூட்டும்

8 ஜிபி பென் டிரைவ், மைக்ரோசாஃப்ட் அல்லது மின்ட் தளத்திலிருந்தே இறக்கிய ஐஎஸ்ஓ (ஓஎஸ் முழுவதும் அடங்கிய ஃபைல்), அதைப் பென் டிரைவில் எழுத ரூஃபஸ் ஆகிய மூன்றும் வேண்டும். பழைய பயாஸ் போர்டு என்றால் ரூஃபஸில் பார்டிஷன் வகையாக எம்பிஆர் கொடுங்கள். பயாஸின் புதிய வடிவமான யூஇஎஃப்ஐ என்றால் ஜிபிடி. எது என்று தெரியாவிட்டால், மெஷினில் இருப்பது விண்டோஸ் 8 அல்லது 10 என்றால் அதன் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயாஸ் மோடு என்ற வரி லெகசி என்றோ யூஇஎஃப்ஐ என்றோ சொல்லும்.

பென் டிரைவைக் கேபினெட்டின் பின்பக்கக் கறுப்பு யூஎஸ்பியில் செருகுங்கள். முன்பக்க வயர்கள் பழசாகி இடையிலேயே துண்டிக்கும், நீல யூஎஸ்பியைச் சில போர்டுகள் பூட்டுக்குப் பார்ப்பதே இல்லை. பூட் மெனு கிகாபைட்டில் எஃப்12, ஆசுஸில் எஃப்8, எம்எஸ்ஐயில் எஃப்11, இன்டெல் ஒரிஜினல் போர்டில் எஃப்10, டெல்லில் எஃப்12, எச்பியில் எஃப்9. மெனுவில் பென் டிரைவ் தெரியவில்லை என்று பலர் கைவிடுவது இங்கேதான். பழைய பயாஸ்கள் பென் டிரைவை ஹார்டு டிஸ்க்காக எடுத்துக்கொள்ளும். ஹார்டு டிஸ்க் என்ற வரிக்குள் போய்ப் பாருங்கள். பயாஸுக்குள் போனதோடு, அந்தத் தேர்வு இருந்தால் சாட்டா மோடை ஏஎச்சிஐ ஆக்கிவிடுங்கள். ஓஎஸ் போட்டபின் மாற்றினால் விண்டோஸ் பூட் ஆகாது.

போடும்போது

டேட்டா இருக்கும் மற்ற டிஸ்க்குகளின் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் ஆரம்பிக்கவேண்டும். தவறான டிஸ்க்கை அழிக்கும் ஆபத்து ஒரு பக்கம். இன்னொரு பக்கம், விண்டோஸ் தன் பூட் பகுதியைச் சில நேரம் அந்த டிஸ்க்கில் வைத்துவிடும். பிற்பாடு அதைக் கழற்றினால் மெஷின் எழுந்திருக்காது.

விண்டோஸில் கஸ்டம் என்பதைத் தேர்ந்தெடுத்து, அந்த டிஸ்க்கின் எல்லாப் பார்டிஷன்களையும் அழித்து, மிஞ்சும் வெற்றிடத்தைத் தேர்ந்து நெக்ஸ்ட் கொடுங்கள். மின்ட்டில் முதலில் நிறுவாமலே ஓட்டிப் பார்த்து, சத்தம், நெட், திரை அளவு சரியென்றால் டெஸ்க்டாப்பில் உள்ள நிறுவும் ஐகானை அழுத்துங்கள். இந்த டிஸ்க்கில் நிறுவ முடியாது, எம்பிஆர் அல்லது ஜிபிடி என்று விண்டோஸ் மறுத்தால் பென் டிரைவ் வேறு மோடில் பூட் ஆகியிருக்கிறது. பூட் மெனுவில் அதே பென் டிரைவ் யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டோடும் அது இல்லாமலும் இரண்டு முறை தெரியும், மற்றதைத் தேர்ந்தெடுங்கள். முதல் ரீஸ்டார்ட் ஆனதும் பென் டிரைவை உருவுங்கள், இல்லாவிட்டால் ஆரம்பத்திலிருந்தே தொடங்கும்.

நடுவில் நின்றால், எங்கே நிற்கிறது என்று கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் அதே சதவீதத்தில் நின்றால் ஐஎஸ்ஓவோ பென் டிரைவோ டிஸ்க்கோ பழுது. வேறு பென் டிரைவில் மறுபடி எழுதிப் பாருங்கள். ஒருமுறை 20-ல், ஒருமுறை 70-ல் என்று இடம் மாறி ரீஸ்டார்ட் ஆனால் சூடு, ரேம், எஸ்எம்பிஎஸ் என்ற வரிசையில் தேடுங்கள். பிராசஸரைக் குளிர்விக்கும் ஹீட்சிங்க்கில் தூசி அடைத்து, அதன் அடியில் தடவிய பேஸ்ட் காய்ந்து போயிருப்பது அதிகம்.

போட்ட பிறகு

முதலில் சிப்செட், லேன் (நெட் கேபிள்) டிரைவர்களையும், பிறகு மற்ற டிரைவர்களையும் போடுங்கள். நெட்டே வரவில்லை என்றால் போனை யூஎஸ்பியில் இணைத்து டெதரிங் போடுங்கள். டிரைவர்களைத் தானே தேடித்தரும் இலவச மென்பொருள்களைத் தொடாதீர்கள். விளம்பரக் குப்பையும் பொருந்தாத டிரைவரும்தான் மிஞ்சும். தமிழுக்கு விண்டோஸ் 10-ன் மொழி அமைப்பில் தமிழ் சேர்த்து தமிழ்99 விசைப்பலகையைத் தேர்ந்தெடுக்கலாம். மின்ட்டில் ஐபஸ், எம்17என் ஆகிய தட்டச்சு மென்பொருள்களை நிறுவினால் தமிழ்99, ஒலியியல் இரண்டும் வரும்.

பிரிண்டரை மட்டும் ஓஎஸ் முடிவெடுக்கும் முன்பே யோசியுங்கள். கேனான் எல்பிபி 2900-ஐ லினக்ஸில் ஓட்டுவது பெரும் பாடு. கடையில் அதுதான் இருக்கிறதென்றால் விண்டோஸிலேயே இருங்கள். எச்பி லேசர்ஜெட் 1020 லினக்ஸில் ஓடும், எச்பியின் லினக்ஸ் டிரைவர் தொகுப்பான எச்பிலிப் நிறுவியபின் அதன் பிளக்இன்னையும் தனியாக இறக்கவேண்டும். கழற்றிய டேட்டா டிஸ்க்கைத் திரும்ப மாட்டுவது, எல்லாம் ஒருநாள் முழுக்க ஒழுங்காக ஓடிய பிறகு இருக்கட்டும். மாட்டியதும் பயாஸில் எஸ்எஸ்டி முதலிடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய டிஸ்க்கில் பழைய விண்டோஸ் இன்னும் இருந்தால் மெஷின் அதையே திறக்கப் பார்க்கும்.