லோக்கல் பிளான்: வயலைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள்

இங்கிலாந்தில் கவுன்சில் புதிய லோக்கல் பிளான் (எந்த இடத்தில் எத்தனை வீடு கட்டலாம் என்று வகுக்கும் திட்டம்) போடுகிறது, கருத்துச் சொல்லுங்கள் என்று தபால் வந்ததும் எல்லோரும் வரைபடத்தைத்தான் திறக்கிறார்கள், நம் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் வயல் தப்பியதா என்று பார்க்க. ஆனால் பல திட்டங்கள் விழுந்தது வயலால் அல்ல. பக்கத்துக் கவுன்சிலோடு பேச வேண்டியதைப் பேச வேண்டிய நேரத்தில் பேசாததால்.

முதலில், ஆண்டுக்கு எத்தனை புது வீடு தேவை என்ற எண்ணிக்கையைச் சரிபாருங்கள். 2024 டிசம்பர் முதல் எல்லாக் கவுன்சிலுக்கும் ஒரே கணக்குதான். எல்லைக்குள் ஏற்கெனவே உள்ள வீடுகளில் 0.8 சதவீதம் அடிப்படை. அடுத்து, வீட்டு விலை அங்கே வேலை பார்ப்பவரின் ஆண்டு வருமானத்தைப் போல் எத்தனை மடங்கு என்ற விகிதத்தின் ஐந்தாண்டுச் சராசரியை எடுத்து, அதில் 5ஐக் கழித்து, 5ஆல் வகுத்து, 0.95ஆல் பெருக்கி, 1ஐக் கூட்டுங்கள். வருவதை அடிப்படை எண்ணால் பெருக்க வேண்டும். 50,000 வீடுகள், விகிதம் 10 என்றால் 400ஐ 1.95ஆல் பெருக்கி ஆண்டுக்கு 780 வீடுகள். லண்டனுக்குள் இருப்பவர்கள் இதில் மெனக்கெட வேண்டாம். அங்கே மேயரின் 2021 லண்டன் பிளான் ஒவ்வொரு பரோவுக்கும் (லண்டனின் உள்ளூர்க் கவுன்சில் பகுதி) பத்தாண்டு இலக்கைப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

ஆண்டு எண்ணைத் திட்டக் காலத்தால் பெருக்கி, கவுன்சில் ஒதுக்கியிருக்கும் வீடுகளோடு ஒப்பிடுங்கள். குறைந்தால், அந்த மிச்சத்தை யார் கட்டுவது? விஷயம் இங்கேதான் சூடு பிடிக்கிறது. கிரீன் பெல்ட் (நகரம் பரவாமலிருக்கக் கட்டுமானத்தைத் தடுத்து வைத்திருக்கும் நிலம்) எல்லையை மாற்றுவதற்கு முன், பழைய தொழிற்சாலை நிலங்களை முழுதாகப் பயன்படுத்தினார்களா, அடர்த்தியைக் கூட்டினார்களா, பக்கத்துக் கவுன்சில்கள் கொஞ்சம் ஏற்க முடியுமா என்று கேட்டார்களா என்பதைக் காட்ட வேண்டும். கேட்டதற்கான அத்தாட்சி 'ஸ்டேட்மென்ட் ஆஃப் காமன் கிரவுண்ட்' என்ற பொது உடன்பாட்டுப் பத்திரம். கவுன்சில் தளத்தில், திட்டத்துக்கு ஆதாரமான ஆவணங்களுக்குள் புதைந்து கிடக்கும். அதில் பற்றாக்குறை வீடுகள் எண்ணாக எழுதப்பட்டிருக்கிறதா? பக்கத்துக் கவுன்சில் மறுத்திருந்தால் காரணம் இருக்கிறதா? கையெழுத்து இருக்கிறதா, எந்தத் தேதியில்? 'தொடர்ந்து பேசி வருகிறோம்' என்ற வரி மட்டும் இருந்தால் அங்கே ஒன்றும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது கூட்டங்களின் பட்டியலும் அப்படித்தான். டீ குடித்த கணக்கு ஒத்துழைப்பு ஆகாது.

தேதிக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 2011 லோக்கலிசம் சட்டம் ஒத்துழைப்பைச் சட்டக் கடமையாக்கியபோது, அது திட்டத்தைத் தயாரிக்கும் காலத்துக்கானது என்று வைத்தது. திட்டத்தை ஆய்வுக்காக அரசிடம் சமர்ப்பித்த நாளோடு அந்தக் காலம் முடிந்துவிடும். அதன் பிறகு அரசு நியமிக்கும் திட்ட ஆய்வாளர் நடத்தும் விசாரணையில் மற்றக் குறைகளைத் திருத்தலாம், இதைத் திருத்த முடியாது. கென்ட்டில் செவனோக்ஸ் கவுன்சில் 2019இல் சமர்ப்பிப்பதற்குச் சற்று முன்னால்தான் பக்கத்தாரிடம் பற்றாக்குறையை ஏற்கும்படி முறையாகக் கேட்டது. திட்ட ஆய்வாளர் ஏற்கவில்லை. கவுன்சில் உயர் நீதிமன்றம் போய் 2020இல் தோற்றது. உடன்பட்டே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. நேரத்தோடு, மனதார முயல வேண்டும் என்றுதான் சொன்னது.

ஆனால் இந்தக் கடமையை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதாதீர்கள். அதைக் கைவிட 2023 லெவலிங்-அப் அண்ட் ரீஜெனரேஷன் சட்டமே வழி செய்துவிட்டது. பழைய முறையில் திட்டம் சமர்ப்பிக்கக் கடைசி நாள் 2026 டிசம்பர் 31. நிலைத்து நிற்பது, திட்டம் தகுதியானதா என்று ஆய்வாளர் பார்க்கும் 'சவுண்ட்னஸ்' சோதனை: தேவையை நிறைவேற்ற முனைகிறதா, நியாயமான சான்று இருக்கிறதா, நடைமுறைக்கு வருமா, தேசியக் கொள்கையோடு ஒத்துப்போகிறதா. எல்லை தாண்டிய ஒத்துழைப்பு மூன்றாவதில் அடங்கும். அந்தத் தலைப்பின் கீழ் எழுதுங்கள்.

கருத்துக் கேட்பு இரண்டு கட்டம். ஆரம்பத்தில் வரும் ரெகுலேஷன் 18 கட்டத்தில் மனதில் பட்டதை எழுதலாம். சமர்ப்பிப்பதற்கு முன் வரும் ரெகுலேஷன் 19 கட்டத்தில் எழுதுவதுதான் ஆய்வாளர் கைக்குப் போவது. குறைந்தது ஆறு வாரம் தருவார்கள். தகவல் உரிமைக் கோரிக்கைக்குப் பதில் வரவே 20 வேலைநாள் ஆகலாம் என்பதால், பக்கத்துக் கவுன்சிலுக்குப் போன கடிதங்களின் நகலை முதல் நாளே கேளுங்கள். இரண்டு கவுன்சிலிடமும் கேளுங்கள். ஒருவர் 'கேட்டோம்' என்பார், மற்றவர் 'ஞாபகமில்லை' என்பார்.

படிவத்தில் ஒரு கொள்கைக்கு ஒரு கருத்து. கொள்கை எண், எந்தச் சோதனையில் தவறுகிறது, ஆதாரப் பக்கம், பிறகு எந்த வாக்கியத்தை எப்படி மாற்ற வேண்டும் என்பது. கடைசியை எழுதாமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கும் தப்பு. மாற்றம் கோரி எழுதி, நேரில் பேச விருப்பம் என்ற கட்டத்தில் டிக் போட்டவருக்குத்தான் விசாரணையில் பேசும் உரிமை. கோயிலிலும் தமிழ்ப் பள்ளியிலும் சுற்றுக்கு விட்டு ஒரே கடிதத்தில் 300 கையெழுத்து வாங்கினாலும் வாதம் ஒன்றுதான். ஒரே பதிலாக அனுப்பி, எத்தனை பேர் சார்பில் என்று குறிப்பிடுங்கள்.

இன்னொன்றையும் யோசித்துவிட்டு இறங்குங்கள். திட்டம் விழுந்தால் வயல் தானாகக் காப்பாற்றப்படாது. நடப்பில் திட்டமும் இல்லை, ஐந்தாண்டுக்கான வீட்டு நிலமும் காட்ட முடியவில்லை என்றால், கட்டுமான நிறுவனம் அப்பீலில் அனுமதி வாங்குவது எளிதாகிவிடும். அதனால் 'திட்டமே வேண்டாம்' என்பதைவிட, இந்த இடத்துக்குப் பதில் இந்த இடம், இவ்வளவு வீடு என்று கேட்பது பலிக்கும்.

விசாரணை நீதிமன்றம் மாதிரி இருக்காது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆய்வாளர் முன்கூட்டியே வெளியிட்ட கேள்விகள்படி பேச்சு நகரும். எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாசிக்க விடமாட்டார்கள். தேதிகளை வரிசைப்படுத்திய ஒரு பக்கத் தாளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் இருந்தால் கவுன்சில் அதிகாரியைவிட, அந்த விசாரணைக்கென்று நியமிக்கப்பட்ட புரோகிராம் ஆபிசரைக் கேளுங்கள்.