தூங்காத துப்பறிவாளர், கண்ணெதிரே ஒரு கொலை: இந்த எபிசோடை எப்படி எழுதுவது

தூக்கம் வராத ஒரு துப்பறிவாளர் நடுராத்திரியில் தெருவில் இறங்கி நடக்கிறார், ஒரு கொலையைக் கண்ணால் பார்க்கிறார். மர்மத் தொடர் எழுதுகிற யாருக்கும் என்றாவது ஒருநாள் இந்த யோசனை வந்தே தீரும். வழக்கமாக எல்லாம் முடிந்த பிறகு வந்து சேர்கிற ஆளை இது கொலை நடக்கும் இடத்துக்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது, அதனால் நல்ல யோசனைதான். சிக்கல் அடுத்த சீனில் வரும். போலீஸ் வருகிறது, பிணம் இல்லை, ரத்தம் இல்லை, "சார், நீங்க தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று ஒருவர் கேட்கிறார், யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள், கடைசியில் பார்த்தால் அவர் சொன்னதுதான் உண்மை. தயவுசெய்து இதை எழுதாதீர்கள். தொடரின் நாயகன் பொய் சொல்ல மாட்டார் என்பது பார்க்கிறவருக்கு முன்பே தெரியும், ஆகவே முதல் பத்து நிமிடத்திலேயே முடிவும் தெரிந்துவிடுகிறது, மீதி நேரம் முழுக்க மற்ற பாத்திரங்கள் அதைக் கண்டுபிடிக்கும்வரை நாம் காத்திருக்க வேண்டியதாகிறது.

தலைகீழாகச் செய்து பாருங்கள். எல்லோரும் அவரை நம்பட்டும். பிணம் அங்கேயே கிடக்கட்டும், ஆள் அன்று விடிவதற்குள் பிடிபடட்டும். பார்த்தவர் யார்? ஊரிலேயே கூர்மையான கண் என்று பெயர் வாங்கியவர். அவர் "நான் பார்த்தேன்" என்று சொன்னபின் இன்ஸ்பெக்டருக்கும் நீதிபதிக்கும் வேறு எதுவும் தேவைப்படாது. அந்தச் சாட்சியத்தில் ஓர் ஓட்டை இருந்தால்? ஒரு நிரபராதியைச் சிறைக்குள் தள்ளியதே அவர்தான் என்றால்? இப்போது அவர் உடைக்க வேண்டியது குற்றவாளியின் பொய்யை இல்லை, தன் சொந்த வாக்குமூலத்தை. இது கற்பனைக்காக ஊதிப் பெரிதாக்கிய பயமும் இல்லை. அமெரிக்காவில் பல வருடம் சிறையில் இருந்து பிறகு டிஎன்ஏ சோதனையால் வெளியே வந்தவர்களின் வழக்குகளை எடுத்துப் பார்த்தால், பாதிக்கும் மேற்பட்டவற்றில் யாரோ ஒருவர் "இவர்தான்" என்று தவறாக அடையாளம் காட்டியிருக்கிறார். அவர்களில் பலர் பொய் சொல்லவில்லை, உண்மையாகவே நம்பிச் சொன்னார்கள்.

முதலில் அவர் எவ்வளவு நேரமாக விழித்திருக்கிறார் என்று முடிவு செய்யுங்கள். எழுதுகிறவர்கள் இங்கே அளவுக்கு மீறிப் போய்விடுகிறார்கள், ஒரு வாரம், பத்து நாள் என்று. ராண்டி கார்ட்னர் என்ற 17 வயது அமெரிக்க மாணவர் 1963 டிசம்பர் கடைசியில் தொடங்கி 1964 ஜனவரிவரை 264 மணி நேரம், அதாவது 11 நாள் தூங்காமல் இருந்து காட்டினார், அது உலக சாதனையாகப் பேசப்பட்டது. உங்கள் கதாபாத்திரத்துக்கு அந்தச் சாதனை வேண்டாம். 17 முதல் 19 மணி நேரம் தொடர்ந்து விழித்திருந்தாலே, ரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் இருப்பவரைப் போலக் கையும் கவனமும் தடுமாறும் என்று ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. பல நாடுகளில் வண்டி ஓட்டுவதற்கான சட்ட வரம்பே அதுதான். ஆகவே இரண்டு ராத்திரி அரைகுறைத் தூக்கம், மூன்றாவது ராத்திரி சுத்தமாக இல்லை, அது போதும். கொலையை விடியற்காலை 4 மணிக்கு வையுங்கள். உடம்பின் வெப்பம் அனேகமாக அந்தச் சமயத்தில்தான் ஆகக் கீழே இறங்குகிறது, கவனமும் கூடவே இறங்கும்.

தூக்கமின்மையைக் காட்ட எல்லோரும் சிவந்த கண்ணையும் காலி காப்பிக் கோப்பைகளையும் எடுத்து வைக்கிறார்கள். அதை விட்டுவிட்டு, ஒரே வரியை அவர் மூன்று முறை படிப்பதைக் காட்டுங்கள். குழாயைத் திறந்துவிட்டு எதற்குத் திறந்தோம் என்று நிற்பதைக் காட்டுங்கள். அப்புறம் முக்கியமாக, தன் நிலை எவ்வளவு மோசம் என்பது அவருக்கே தெரியாமல் இருக்கட்டும். தூக்கம் கெட்டவர்கள் தங்கள் தடுமாற்றத்தைக் குறைத்தே எடைபோடுகிறார்கள், அதே சமயம் தூங்கிய நேரத்தையும் குறைத்தே சொல்கிறார்கள். "நேத்து கண்ணே மூடலை" என்று சத்தியம் செய்கிறவரைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் படுக்க வைத்து, தலையில் மின்முனைகளை ஒட்டிப் பதிவு செய்தால், சில மணி நேரம் தூங்கியது தெரியவரும். இந்த இரட்டைக் குழப்பம்தான் உங்கள் கதையின் இதயம், இதை நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த ஓட்டை. தூக்கம் போதாத மூளை, நம்மைக் கேட்காமலே சில நொடிகள் அணைந்துவிடும். மைக்ரோ ஸ்லீப் என்பார்கள். ஒரு நொடியும் இருக்கலாம், பத்துப் பதினைந்து நொடிவரையும் போகலாம், நின்றுகொண்டிருக்கும்போதும் வரலாம், கண் திறந்தே இருக்கலாம். விழித்தபின் இடையில் எதுவும் விடுபட்டதாகவே தோன்றாது, முன்னால் பார்த்ததையும் பின்னால் பார்த்ததையும் மூளை ஒட்டித் தைத்துவிடும். நெடுஞ்சாலையில் எத்தனையோ விபத்துகளுக்கு இதுதான் காரணம். கொலையை அந்த நொடிகளுக்குள் வையுங்கள். அவர் கொலைக்கு முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், கொலையை மட்டும் பார்க்கவில்லை. ஆனால் பார்த்ததாகவே நினைக்கிறார்.

ஒரு மாதிரி போட்டுக் காட்டுகிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளாமல் உங்கள் கதைக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். நாற்சந்தி, சிக்னல், எதிர்ப்புறம் மூடிய ஒரு கடை. கடை வாசலில் இரண்டு பேர் வாக்குவாதம், ஒருவர் மழைக்கோட்டு, ஒருவர் வெள்ளைச் சட்டை. துப்பறிவாளர் சாலையின் இந்தப் பக்கம் நின்று பார்க்கிறார். மழைக்கோட்டுக்காரர் கையை ஓங்குகிறார், கையில் ஏதோ பளபளக்கிறது. சிக்னலில் பச்சை. அடுத்த கணம் வெள்ளைச் சட்டை தரையில், மழைக்கோட்டுக்காரர் அவர்மேல் குனிந்திருக்கிறார், சிக்னலில் சிவப்பு. துப்பறிவாளர் ஓடுகிறார், மழைக்கோட்டுக்காரர் பயந்து ஓடுகிறார், ஒரு மணி நேரத்தில் பிடிபடுகிறார், கத்தியில் அவருடைய கைரேகை. "பின்னாலிருந்து யாரோ வந்து குத்திட்டுப் போனான், நான் கத்தியைப் பிடுங்கி எடுத்தேன்" என்கிறார். யார் நம்புவார்கள்?

கவனித்தீர்களா, பச்சைக்கும் சிவப்புக்கும் நடுவில் மஞ்சள் வரவே இல்லை. மஞ்சள் விளக்கு எப்படியும் மூன்று நொடியாவது எரியும். அது இல்லை என்றால் அந்த நொடிகள் அவரிடம் இல்லை. இதைத் திரையில் நேர்மையாக, எல்லோரும் பார்க்கும்படி, சிக்னலை ஃபிரேமின் ஒரு ஓரத்தில் வைத்துக் காட்டுங்கள். பார்க்கிறவர் அதை ஒரு சாதாரண எடிட்டிங் வெட்டு என்று எடுத்துக்கொள்வார், ஏனென்றால் திரையில் நேரம் தாவுவது நம் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம். துப்பறிவாளர் காணும் எந்தத் தடயத்தையும் வாசகரிடமிருந்து மறைக்கக் கூடாது என்று ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929இல் துப்பறியும் கதைகளுக்கு வகுத்த பத்து விதிகளில் ஒன்று சொல்கிறது. நீங்கள் ஒருபடி மேலே போய் அவர் காணாததையும் காட்டுகிறீர்கள். இந்த ஒரு ஷாட்டுக்காக மற்ற எந்தச் சீனையும் விட்டுக்கொடுக்கலாம்.

காதுக்கும் ஒரு தடயம் கொடுங்கள். அவர் விழிக்கும் கணத்தில், எங்கோ விலகிப் போகிற லாரி எஞ்சின் சத்தம். ஒரு குப்பை லாரி அந்த நொடிகளில் நாற்சந்தியைக் கடந்து போயிருக்கிறது, அந்தச் சத்தம்தான் அவரை எழுப்பியதே. லாரியை அவர் பார்க்கவில்லை, அதனால் திரையிலும் வராது, ஒலிப்பதிவில் மட்டும் தேய்ந்துகொண்டே போகும்.

சரி, கொலையாளி யார்? கடையின் இரவுக் காவலாளி. (காரணத்தை எளிமையாக வையுங்கள். அவன் கடையில் கொஞ்சம் கொஞ்சமாகத் திருடுவது வெள்ளைச் சட்டைக்காரருக்குத் தெரிந்துவிட்டது, அவ்வளவு போதும்.) அவன் மாட்டிக்கொள்ளும் விதம்தான் முக்கியம், எனக்கு இந்தக் கதையிலேயே மிகவும் பிடித்த இடமும் அதுதான். சம்பவ இடத்தில் துப்பறிவாளர் போலீசிடம் சொல்வதை அவன் பக்கத்தில் நின்று கேட்கிறான். "சாலையில் ஒரு வண்டிகூடப் போகவில்லை, எனக்கு எதுவும் மறைக்கவில்லை" என்கிறார் அவர். பத்து நிமிடம் கழித்து அவன் இரண்டாவது சாட்சியாக முன்வந்து அதையே சொல்கிறான், கை ஓங்கியது, ஆள் விழுந்தது, வண்டி எதுவும் போகவில்லை. அவன் லாரியைப் பார்த்தவன், ஆனால் ஊரே நம்புகிற ஆளுக்கு மாறாக ஏன் பேச வேண்டும் என்று விட்டுவிடுகிறான். பிறகு லாரியின் ஜிபிஎஸ் பதிவு, அந்த நிமிடத்தில் அது நாற்சந்தியைக் கடந்ததைக் காட்டும்போது இரண்டு சாட்சியங்களும் சேர்ந்து விழுகின்றன. துப்பறிவாளர் தூங்கிவிட்டார், அதனால் அவருக்குத் தெரியவில்லை. இவன் தூங்கவில்லையே, இவனுக்கு ஏன் தெரியவில்லை? விடுபட்ட நொடிகளையும் சேர்த்து அவன் நகல் எடுத்துவிட்டான். லாரி ஓட்டுநரைச் சாட்சியாக்கி எல்லாவற்றையும் சொல்ல வைக்காதீர்கள், அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார், அவ்வளவுதான். அவர் கொலையைப் பார்த்திருந்தால் வழக்கை முடித்தவர் அவராகிவிடுவார்.

நடுப்பகுதியில் விசாரணைச் சீனுக்கு உழையுங்கள். 1974இல் உளவியல் ஆய்வாளர்கள் எலிசபெத் லாஃப்டஸும் ஜான் பாமரும் ஒரு சோதனை செய்தார்கள். கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, சிலரிடம் கார்கள் "மோதியபோது" என்றும் வேறு சிலரிடம் "நொறுங்க மோதியபோது" என்றும் கேட்டார்கள். ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்ற கேள்விக்கு, கடுமையான சொல்லைக் கேட்டவர்களில் 50 பேருக்கு 16 பேர் ஆமாம் என்றார்கள், சாதாரணச் சொல்லைக் கேட்டவர்களில் 50க்கு 7 பேர்தான். படத்தில் உடைந்த கண்ணாடியே கிடையாது. தூக்கம் கெட்டவர்களிடம் இப்படிப்பட்ட பொய் நினைவுகள் இன்னும் சுலபமாக ஒட்டிக்கொள்வதாகவும் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. ஆகவே உங்கள் இன்ஸ்பெக்டர் நல்லவராகவே இருக்கட்டும், நல்ல எண்ணத்தோடு "கத்தியை எந்தக் கையில் வச்சிருந்தான் சார்?" என்று கேட்கட்டும். துப்பறிவாளர் அதுவரை கத்தி என்று சொல்லவே இல்லை, "பளபளன்னு ஏதோ" என்றுதான் சொன்னார். கேள்விக்குப் பிறகு "வலது கை" என்கிறார். உண்மையில் அது ஒரு கைபேசி. அடுத்த முறை அந்தக் காட்சியை அவர் நினைத்துப் பார்க்கும்போது, திரையில் கையில் கத்தியே இருக்கட்டும். நினைவு மாறுவதை இதைவிட நேரடியாகக் காட்ட முடியாது.

திருப்பத்தைத் தூக்க ஆய்வுக்கூடத்தில் வைக்கலாம். உடன் வேலை செய்கிறவர் வற்புறுத்தி அனுப்புகிறார், இவர் எரிச்சலோடு போகிறார், காலையில் டெக்னீஷியன் பதிவுத்தாளைக் காட்டி, "படுக்கைக்குப் போறதுக்கு முன்னாடி, நாற்காலியில உட்கார்ந்து என்கூடப் பேசிட்டு இருந்தப்பவே நீங்க மூணு தடவை தூங்கிட்டீங்க" என்கிறார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் வண்டி சிக்னலில் நிற்கிறது. பச்சை, மஞ்சள், சிவப்பு. அந்த மஞ்சளை அவர் பார்க்கட்டும், வசனம் வேண்டாம்.

நேரக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன். டிவியில் ஒரு மணி நேர ஒளிபரப்பு இடத்தில் விளம்பரம் போக உங்களுக்குக் கிடைப்பது 42, 44 நிமிடம், திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம். கொலை முதல் 4 பக்கத்துக்குள் வந்துவிட வேண்டும். 20ஆவது பக்கம்வரை வழக்கு வலுவாகிக்கொண்டே போகட்டும், சந்தேகத்தின் சின்ன விரிசல்கூட வேண்டாம். மழைக்கோட்டுக்காரரின் மனைவி துப்பறிவாளரைப் பார்க்க வரும் சீன் அங்கே இருக்க வேண்டும், அவர் அழவோ கத்தவோ வேண்டாம், "நீங்க முழுசாப் பார்த்தீங்களா?" என்று ஒரே கேள்வி கேட்டுவிட்டுப் போகட்டும். இவர் "பார்த்தேன்" என்கிறார். 26ஆவது பக்கத்தை ஒட்டி ஆய்வுக்கூடம்.

முடிவில் அவரை நிம்மதியாகத் தூங்க வைத்து விளக்கை அணைக்கும் ஆசை வரும். வேண்டாம், தூக்கமின்மை ஒரு வழக்கு முடிந்ததும் தீர்ந்துபோகிற விஷயம் இல்லை, அதோடு வாழ்கிறவர்கள் உங்கள் எபிசோடைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதற்குப் பதிலாக, அவர் கோர்ட்டில் எழுந்து "நான் பார்க்கவில்லை" என்று சொல்வதற்கு என்ன விலை கொடுக்கிறார் என்று எழுதுங்கள். அவர் இதுவரை சாட்சி சொன்ன ஒவ்வொரு வழக்கையும் எதிர்த்தரப்பு வக்கீல்கள் மறுபடி திறக்கக் கேட்பார்கள். அடுத்த எபிசோட்களுக்கும் அது கதை தரும்.

எழுதி முடித்ததும், கதை தெரியாத ஒருவரிடம் 25 பக்கம் மட்டும் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள். "மஞ்சள் விளக்கை மறந்துட்டீங்களே" என்று அவர் சொன்னால் மாற்றாதீர்கள், தடயம் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். காவலாளியைச் சந்தேகப்பட்டால் மட்டும் அவனுடைய முதல் சீனில் வசனத்தைக் குறையுங்கள். கடைசியாக, சிக்னல் ஷாட்டுக்கு மேலே திரைக்கதையிலேயே தடித்த எழுத்தில் ஒரு குறிப்பு போட்டு, இயக்குநர், எடிட்டர், கன்டின்யூட்டி (ஷாட்டுக்கு ஷாட் விவரங்கள் பொருந்துவதை) பார்க்கிறவர், ஒலி அமைப்பாளர் என்று நாலு பேரிடமும் நேரில் சொல்லிவிடுங்கள், ஏனென்றால் இவர்களில் ஒருவர் பொறுப்பாக அதைப் பிழை என்று நினைத்து நடுவில் ஒரு மஞ்சளைச் சேர்த்துவிட்டாலோ, தேவையில்லாத லாரிச் சத்தம் என்று அழித்துவிட்டாலோ, கதை அங்கேயே போய்விடும்.