தொழிற்சாலையையும் அரசு அலுவலகத்தையும் ஒரே ஆய்வில் ஒப்பிடுவது எப்படி? முதல்முறை ஆய்வாளருக்கு ஒரு செய்முறை விளக்கம்

மேலாண்மை பற்றி முதுகலை ஆய்வேடு எழுதப்போகும் மாணவர்கள் கொண்டுவரும் முதல் தலைப்பு பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: "பல்வேறு துறைகளில் மேலாண்மை நடைமுறைகளும் அவற்றின் தாக்கமும்." ஆசை நியாயமானது. ஒரு தொழிற்சாலை, ஒரு மருத்துவமனை, ஒரு வங்கிக் கிளை, ஒரு வரி அலுவலகம் என நான்கு இடங்களிலும் மனிதர்கள் கூடி வேலை செய்கிறார்கள். ஓரிடத்தில் வேலை ஓடுகிறது, இன்னோரிடத்தில் தேங்குகிறது. ஏன் என்று கேட்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் அந்தத் தலைப்போடு களத்துக்குப் போனால் ஆறு மாதம் கழித்துக் கையில் நிறையக் காகிதம் இருக்கும், சொல்ல எதுவும் இருக்காது. அப்படி நடக்காமலிருக்க என்ன செய்யலாம் என்பதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஒரு நடைமுறையைப் பிடியுங்கள்

"தலைமைப் பண்பு", "நிறுவனப் பண்பாடு", "திறன்மிகு நிர்வாகம்" போன்ற சொற்களை ஓரமாக வையுங்கள். நடைமுறை என்றால் யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாளில், கண்ணால் பார்க்கும்படி செய்கிற காரியம். வாரக் கூட்டம் நடத்துவது நடைமுறை. புதிதாகச் சேர்ந்தவருக்கு வேலையைக் கற்றுக்கொடுப்பது நடைமுறை. அதைப் பார்க்க முடியும், எண்ண முடியும், இல்லையென்றால் இல்லை என்றும் சொல்ல முடியும்.

எல்லாத் துறைக்கும் பொதுவான ஒன்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. இந்தக் கட்டுரை முழுக்க நான் எடுத்துக்கொள்ளும் எடுத்துக்காட்டு இது: வேலையில் ஒரு தடங்கல் வந்தால் அது எங்கே பதிவாகிறது, யார் காதுக்குப் போகிறது, அடுத்த முறை வராமலிருக்க என்ன செய்கிறார்கள்? தொழிற்சாலையில் இயந்திரம் நிற்கும். மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கான மருந்து மாறிப்போகும். அலுவலகத்தில் கோப்பு காணாமல் போகும். வடிவம் வேறு, கேள்வி ஒன்றே. இப்படி ஒரு கேள்வி கிடைத்துவிட்டால் ஆய்வில் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

படி 2: முன்னால் போனவர்களின் தடத்தைப் பாருங்கள்

இந்தத் துறையில் நூற்றுக்கணக்கான கட்டுரைகள் உண்டு. எல்லாவற்றையும் படிக்க முயன்றால் களத்துக்கே போகமாட்டீர்கள். தொடக்கத்தில் மூன்று ஆய்வுகள் போதும். அவற்றில் இரண்டை இங்கே சொல்கிறேன், மூன்றாவது அடுத்த படியில் வரும்.

முதலாவது, நிக்கோலஸ் புளூமும் ஜான் வான் ரீனனும் தொடங்கிய உலக மேலாண்மைக் கணக்கெடுப்பு. 2007இல் வெளியான அவர்களது கட்டுரை அமெரிக்கா, பிரான்ஸ், ஜெர்மனி, பிரிட்டன் ஆகிய நாடுகளின் 732 நடுத்தர உற்பத்தி நிறுவனங்களைப் பற்றியது. 18 நடைமுறைகளை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டார்கள். முறையைக் கவனியுங்கள். தொலைபேசியில் பேசிய மேலாளருக்குத் தனக்கு மதிப்பெண் போடப்படுவது தெரியாது. கேள்வி கேட்டவருக்கு அந்த நிறுவனம் லாபத்தில் இருக்கிறதா, நஷ்டத்தில் இருக்கிறதா என்பது தெரியாது. கேட்டவர்கள் யார் தெரியுமா? எம்.பி.ஏ. மாணவர்கள். உங்களைப் போன்றவர்கள் செய்து காட்டிய வேலைதான் இது. பின்னாளில் இதே முறை பள்ளிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் சில்லறை விற்பனைக்கும் விரிந்தது.

அந்தக் கணக்கெடுப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி நேர்காணலின் கடைசியில் வருகிறது. "உங்கள் நிறுவனம் எவ்வளவு நன்றாக நிர்வகிக்கப்படுகிறது, 10க்கு எவ்வளவு தருவீர்கள்?" என்று மேலாளரிடமே கேட்டார்கள். சராசரியாக 7ஐ ஒட்டிப் பதில் வந்தது. ஆனால் அவர்கள் தமக்குத் தாமே போட்டுக்கொண்ட மதிப்பெண்ணுக்கும் உண்மையில் நடக்கும் நடைமுறைக்கும் பெரிய தொடர்பு இல்லை. "நன்றாக நடக்கிறதா?" என்று நேரடியாகக் கேட்பது ஏன் வீண் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இரண்டாவது, மும்பைக்கு அருகேயுள்ள நெசவு ஆலைகளில் நடந்த பரிசோதனை, 2013இல் வெளியானது. 17 நிறுவனங்களின் 28 ஆலைகள். சிலவற்றுக்கு ஆலோசகர்களை அனுப்பிப் பல மாதங்கள் உடனிருந்து நடைமுறைகளை மாற்றினார்கள்; மற்றவற்றில் குறைகளைக் கண்டறிவதோடு நிறுத்திக்கொண்டார்கள். 38 நடைமுறைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். மாற்றம் செய்த ஆலைகளில் முதல் ஆண்டிலேயே உற்பத்தித்திறன் 17 சதவீதம் உயர்ந்தது. இத்தகைய பரிசோதனையை மாணவர் ஒருவர் தனியாகச் செய்ய முடியாது. ஆனால் "நடைமுறையை மாற்றினால் பலன் மாறுமா?" என்று தேர்வாளர் கேட்டால் சுட்டிக்காட்ட உறுதியான இடம் இது.

படி 3: எதை எதோடு ஒப்பிடலாம் என்று முடிவு செய்யுங்கள்

மாணவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஆகவே இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

"தனியார் நிறுவனம், அரசு நிறுவனம்" என்று இரண்டு பெட்டி போட்டுப் பிரிப்பது எளிது. ஆனால் அந்தப் பிரிப்பு பல உண்மைகளை மறைத்துவிடும். ஜேம்ஸ் கியூ. வில்சன் என்ற அரசியல் அறிஞர் 1989இல் அரசு அமைப்புகளை வேறு விதமாகப் பிரித்தார். ஊழியர் செய்யும் வேலை மேலதிகாரியின் கண்ணுக்குத் தெரிகிறதா? அந்த வேலையின் பலன் கண்ணுக்குத் தெரிகிறதா? இந்த இரண்டு கேள்விகளால் நான்கு வகை கிடைக்கும். வரி வசூலில் வேலையும் தெரியும், பலனும் தெரியும். துப்பறிவாளரின் அன்றாட வேலை தெரியாது, வழக்கு முடிந்ததா என்பது தெரியும். அமைதிக் காலத்து ராணுவத்தில் பயிற்சி தெரியும், போரில் வெல்லுமா என்பது தெரியாது. வகுப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு பாடம் நடத்தும் ஆசிரியரிடம் இரண்டுமே எளிதில் தெரிவதில்லை.

இந்த நான்கு வகைகளையும் ஒரு தாளில் நான்கு கட்டங்களாக வரைந்து, நீங்கள் ஆய்வு செய்ய நினைக்கும் நிறுவனங்களை அதில் பொருத்திப் பாருங்கள். ஒரு தபால் பிரிப்பு நிலையம் பள்ளிக்கூடத்தைவிடத் தொழிற்சாலைக்கு நெருங்கிய உறவு என்பது அப்போது தெரியவரும். இரண்டும் அரசுடையவை என்பதால் ஒன்றாகிவிடாது.

இது ஏன் முக்கியம் என்பதற்குத்தான் மூன்றாவது ஆய்வு. இம்ரான் ரசூலும் டேனியல் ரோஜரும் நைஜீரிய அரசுப் பணியில் 63 அமைப்புகளையும் 4,700க்கும் மேற்பட்ட திட்டங்களையும் ஆராய்ந்து 2018இல் எழுதினார்கள். ஊழியர்களுக்குச் சுதந்திரம் கொடுத்த அமைப்புகளில் திட்டங்கள் அதிகமாக நிறைவேறின. கண்காணிப்பும் ஊக்கத்தொகையும் மிகுந்த அமைப்புகளில் குறைவாக நிறைவேறின. தொழிற்சாலையில் கண்காணிப்புக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுக்கும் அளவுகோலை அப்படியே தூக்கிக்கொண்டு அரசு அலுவலகத்துக்குப் போனால், நீங்கள் "சிறந்தது" என்று குறிப்பது அங்கே வேலையைக் கெடுப்பதாகவும் இருக்கலாம். எல்லா இடத்திலும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்; எது நல்ல பதில் என்பதை அந்தந்த வேலையின் இயல்பை வைத்து முடிவு செய்யுங்கள். இந்த விளக்கத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியுமென்றால் இதை வையுங்கள்.

எத்தனை நிறுவனங்கள்? நேர்காணலும் நேரில் பார்ப்பதும் சார்ந்த ஆய்வுக்கு நான்கு முதல் பத்து வரை நல்ல வரம்பு என்று கேத்லீன் ஐசன்ஹார்ட் 1989இல் எழுதினார். முதுகலை மாணவருக்கு ஆறு போதும்: இரண்டு துறைகள், துறைக்கு மூன்று.

படி 4: கேள்விகளை எழுதுங்கள்

என் முதல் ஆய்வில் நான் அனுப்பிய வினாப்பட்டியலில் ஒரு கேள்வி: "உங்கள் அலுவலகத்தில் பிரச்சினைகள் உடனுக்குடன் தீர்க்கப்படுகின்றனவா? 1 முதல் 5 வரை." ஏறக்குறைய எல்லோரும் 4ஐ வட்டமிட்டிருந்தார்கள். எந்த இடத்துக்கும் எந்த இடத்துக்கும் வேறுபாடே தெரியவில்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. கேள்வியில் பிடிமானம் இல்லை.

இப்போது நான் கேட்பது இப்படி:

"கடைசியாக இங்கே வேலை தடைப்பட்டது எப்போது?"

"முதலில் அதைக் கவனித்தவர் யார்? அவர் யாரிடம் சொன்னார்?"

"அது எங்கேயாவது எழுதி வைக்கப்பட்டதா? நான் பார்க்கலாமா?"

"அதற்குப் பிறகு ஏதாவது மாற்றினீர்களா?"

"கடைசியாக" என்ற சொல்தான் இங்கே முழு வேலையையும் செய்கிறது. "வழக்கமாக என்ன செய்வீர்கள்?" என்றால் விதிப்புத்தகத்தில் உள்ளது வரும். "கடைசியாக என்ன செய்தீர்கள்?" என்றால் போன செவ்வாய்க்கிழமை வரும். "ஆம், இல்லை" என்று முடியும் கேள்விகளையும் தவிருங்கள்.

பதிலுக்கு எப்படி மதிப்பெண் போடுவது என்பதைக் களத்துக்குப் போகும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள். என் எடுத்துக்காட்டில் 1 என்றால், தடங்கல் எங்கும் எழுதப்படுவதில்லை. யாராவது நினைவிலிருந்து சொன்னால்தான் உண்டு. 3 என்றால், எழுதப்படுகிறது, ஆனால் அதைத் திரும்பப் படிப்பவர் இல்லை. 5 என்றால், எழுதப்படுகிறது, குறித்த நாளில் சம்பந்தப்பட்டவர்கள் சேர்ந்து பார்க்கிறார்கள், எடுத்த முடிவும் அதற்குப் பொறுப்பானவர் பெயரும் கெடுவும் அதே இடத்தில் இருக்கின்றன. 2ம் 4ம் இடைநிலைகள். இரண்டு பேரிடம் முன்னோட்டமாகக் கேட்டுப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு அவர்கள் "என்ன கேட்கிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்கிறார்களோ அதை மாற்றி எழுதுங்கள்.

படி 5: அனுமதி வாங்குங்கள்

பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு ஒப்புதல் முதலில். பிறகு நிறுவனத்துக்கு ஒரு பக்கக் கடிதம்: என்ன பார்க்கப்போகிறேன், எத்தனை மணி நேரம் தேவை, பெயர்கள் வெளியே வராது. அரசு அலுவலகங்களில் கோப்பு மேசை மேசையாக நகர்ந்து வரும். நீங்கள் நினைத்ததைப் போல இரு மடங்கு காலம் ஒதுக்குங்கள். மேலதிகாரி கையெழுத்திட்டுவிட்டார் என்பதால் ஊழியர் பேசக் கடமைப்பட்டவர் ஆகிவிட மாட்டார். ஒவ்வொருவரிடமும் தனியாகச் சம்மதம் கேளுங்கள். "உங்கள் அதிகாரியிடம் இதைச் சொல்ல மாட்டேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், சொன்னபடி நடந்துகொள்ளுங்கள்.

படி 6: கண்ணால் பாருங்கள்

ஒரு பட்டறைக்குப் போயிருந்தேன். மேற்பார்வையாளர் தெளிவாகப் பேசினார். ஒவ்வொரு ஷிப்டின் முடிவிலும் இயந்திரம் நின்ற நேரத்தைப் பலகையில் எழுதுவோம், காலையில் எல்லோரும் அதன் முன் நின்று பேசுவோம் என்றார். நேர்காணலை மட்டும் வைத்து மதிப்பிட்டிருந்தால் 5 போட்டிருப்பேன். வெளியே வரும்போது அந்தப் பலகையைப் பார்த்தேன். சுண்ணக்கட்டியால் எழுதிய தேதி பதினோரு நாள் பழையது. எண்களின் ஓரம் தோள் உரசி அழிந்திருந்தது. பலகைக்கு முன்னால் அட்டைப்பெட்டிகள் அடுக்கப்பட்டிருந்தன. அங்கே நின்று பேச இடமே இல்லை.

அதே மாதம் ஓர் அரசு அலுவலகத்தில் எழுத்தர் ஒருவர், "அப்படி முறை எதுவும் எங்களிடம் இல்லை" என்று தயங்கிச் சொன்னார். அவருடைய இழுப்பறையில் ஒரு நீள நோட்டு இருந்தது. திரும்பி வந்த ஒவ்வொரு விண்ணப்பமும், ஏன் திரும்பியது என்ற காரணமும் அவர் கையெழுத்தில் நான்கு ஆண்டுகளுக்கு இருந்தன. எந்தக் காரணம் அடிக்கடி வருகிறதோ அதை விண்ணப்பம் வாங்கும் ஜன்னலிலேயே சரிபார்க்கும்படி பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லி வைத்திருந்தார். சுற்றறிக்கையில் இல்லாத நடைமுறை அது. நேரில் பார்க்காவிட்டால் எந்த ஆய்விலும் இடம்பெற்றிருக்காது.

எனவே சொன்னதை ஒரு பத்தியிலும் பார்த்ததை இன்னொரு பத்தியிலும் எழுதுங்கள். இரண்டும் பொருந்தாத இடங்களில்தான் உங்கள் ஆய்வேட்டின் நல்ல பக்கங்கள் இருக்கும். குறிப்புகளை அன்றிரவே விரித்து எழுதிவிட வேண்டும். மறுநாளைக்குத் தள்ளினால் அட்டைப்பெட்டி மறந்துபோகும்.

படி 7: இன்னொருவரையும் மதிப்பெண் போடச் சொல்லுங்கள்

சக மாணவர் ஒருவரிடம் நிறுவனத்தின் பெயரை மறைத்து உங்கள் குறிப்புகளைக் கொடுங்கள். அதே அளவுகோலை வைத்து அவர் தனியாக மதிப்பெண் போடட்டும். இருவரும் எவ்வளவு ஒத்துப்போகிறீர்கள் என்று கணக்கிட ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த கப்பா என்ற அளவை உண்டு. தற்செயலாக ஒத்துப்போவதைக் கழித்துவிட்டு மீதியைக் காட்டும். 1 முதல் 5 வரை வரிசையான மதிப்பெண் என்பதால் பெரிய முரணுக்கு அதிக எடை கொடுக்கும் எடையிட்ட கப்பாவைப் பயன்படுத்துங்கள். 3க்கும் 4க்கும் உள்ள முரணும் 1க்கும் 5க்கும் உள்ள முரணும் ஒன்றல்ல. ஒத்துவராத இடங்களில் சண்டை போடாமல் அளவுகோலின் சொற்களைத் திருத்துங்கள்.

படி 8: கையில் இருப்பது தாங்கும் அளவுக்கே முடிவு சொல்லுங்கள்

ஆறு நிறுவனங்களின் மதிப்பெண்ணை வைத்துப் புள்ளியியல் மென்பொருளில் தொடர்புச் சமன்பாடு ஓட்டாதீர்கள். எண் வரும், பொருள் வராது. ஒரு பெரிய அட்டவணை போடுங்கள். நிறுவனங்கள் இடப்பக்கம் கீழே கீழே, கேள்விகள் மேலே. ஒவ்வொரு கட்டத்திலும் மதிப்பெண்ணோடு சான்றாக ஒரு வரி. அதைச் சுவரில் ஒட்டி ஒரு வாரம் பார்த்துக்கொண்டே இருங்கள்.

நல்ல நடைமுறை உள்ள இடம் நன்றாக ஓடுகிறது என்று தெரிந்தால் உடனே காரணம் கண்டுவிட்டதாக எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். நன்றாக ஓடுவதால் பணமும் ஆளும் மிஞ்சி அந்த நடைமுறை வந்திருக்கலாம். போட்டியில் மூடப்பட்டுப்போன நிறுவனங்கள் உங்கள் பட்டியலிலேயே இல்லை என்பதையும் மறக்கக் கூடாது. அரசு அலுவலகங்கள் அப்படி மூடப்படுவது குறைவு. ஆக நீங்கள் ஒப்பிடுவது தப்பிப் பிழைத்த தனியாரை எல்லா அரசு அலுவலகங்களோடும். இந்த ஒரு வாக்கியத்தை வரம்புகள் பகுதியில் எழுதியிருக்கும் ஆய்வேட்டைப் படிக்கும்போது இவர் யோசித்திருக்கிறார் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

படி 9: பேசியவர்களுக்குத் திருப்பிக் கொடுங்கள்

ஆய்வேடு சமர்ப்பித்ததும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் இரண்டு பக்கக் குறிப்பு எழுதி அனுப்புங்கள். அவர்களிடம் பார்த்தது, மற்ற இடங்களில் பொதுவாகப் பார்த்தது, இவ்வளவுதான். மற்ற நிறுவனங்களின் பெயர் வேண்டாம். சிறிய அலுவலகத்தில் "ஓர் எழுத்தர்" என்று எழுதினாலே யார் என்று தெரிந்துவிடும்; அந்த வரியை எடுத்துவிடுங்கள், அல்லது அவரிடமே காட்டிக் கேட்டுவிட்டு எழுதுங்கள். நீள நோட்டு வைத்திருந்த எழுத்தரிடம் நான் அப்படித்தான் கேட்டேன். படித்துப் பார்த்தார். நான்கு ஆண்டு என்பதைத் திருத்தி ஐந்து ஆண்டு என்று எழுதிக் கொடுத்தார். முதல் நோட்டு வீட்டில் இருக்கிறதாம்.