குளத்தங்கரையில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள்

போன கார்த்திகையில் எங்கள் ஊர்க் குளம் நிறைந்து மறுகால் பாய்ந்தது. மூன்றாம் நாளே கரையில் பத்துப் பதினைந்து பையன்கள் தூண்டிலோடு வந்து நின்றார்கள். எல்லார் கையிலும் புது ராடு, புது ரீல், பை நிறைய ரப்பர் தவளைகள். ஆசையாகத்தான் இருந்தது பார்க்க. ஆனால் ஒரு மணி நேரம் அங்கே உட்கார்ந்தபோது மனசு கேட்கவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்னால் சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாயில் மூங்கில் கம்பை வைத்துக்கொண்டு நான் என்னென்ன தப்பெல்லாம் செய்தேனோ, அதையெல்லாம் இந்தப் பிள்ளைகளும் ஒன்றுவிடாமல் செய்துகொண்டிருந்தார்கள்.

சத்தம் போடக் கூடாது, தண்ணீரில் நிழல் விழக் கூடாது, உச்சி வெயிலில் போய் நிற்கக் கூடாது என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. நாலு நாள் வெறுங்கையோடு வீடு திரும்பினால் தானாகவே தெரிந்துவிடும். யாராவது சொன்னால் ஒழிய தெரியாத சிலவற்றை மட்டும் எழுதுகிறேன்.

பனிநாட்டுத் தூண்டிலை நம் குளத்துக்கு வாங்குவது

பக்கத்து வீட்டுப் பையன் ஆன்லைனில் ஒரு ராடு வாங்கியிருந்தான். இரண்டரை அடிதான் நீளம். விலை குறைவு, பள்ளிக்கூடப் பைக்குள்ளேயே அடங்குகிறது என்று சந்தோஷப்பட்டான். வாங்கிப் பார்த்தேன். அது உறைந்த ஏரியில் மீன் பிடிக்கிறவர்கள் வைத்திருக்கிற ராடு. அவர்கள் பனிக்கட்டியில் துளை போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, நூலை நேராகக் கீழே இறக்குகிறார்கள். வீச வேண்டிய வேலையே இல்லை என்பதால் குட்டை ராடு போதும். கடுங்குளிரில் மீனும் மந்தமாகிவிடும். இரையைத் துரத்தி வராது, மெதுவாக வாயில் வைத்துப் பார்க்கும். அந்த மெல்லிய கடி கையில் தெரிய வேண்டுமென்றுதான் மெல்லிய நுனியும் மெல்லிய நரம்பும் (நைலான் தூண்டில் நூல்).

நம் குளத்தில் கரையிலிருந்து பத்தடிக்கு அமலைச் செடி, அதைத் தாண்டித் தாமரை. அதற்கும் அப்பால் இரை விழ வேண்டும். கடித்த மீனைச் செடிக்கு மேலே தூக்கி இழுத்து வர வேண்டும். அதற்கு ஆறரை, ஏழு அடி ராடு இருந்தால்தான் ஆகும். அந்தப் பையனிடம் ராடைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. கிணற்றில் சிலேபி பிடிக்க வைத்துக்கொள் என்றேன். அதற்கு அது நல்ல ராடுதான்.

முள் எண்

எண் கூடக் கூட முள் சின்னதாகும். 4ஆம் எண்ணைவிட 10ஆம் எண் சிறியது. 1/0, 2/0 என்று போனால்தான் பெரிதாகும். பெரிய மீன் வேண்டுமென்று 2/0 முள்ளில் மைதா உருண்டையைக் குத்திப் போட்டால், கெண்டை மாவைத் தின்றுவிட்டு முள்ளை விட்டுவிடும்.

தக்கையை ஒரே உயரத்தில் கட்டி வைப்பது

கட்லா மேல் தண்ணீரில் மேயும். ரோகு நடுத் தண்ணீரில். மிர்காலுக்குத் தரைதான். மூன்றும் ஒரே குளத்தில் விடப்பட்டவை என்றாலும் மூன்றுக்கும் சாப்பாடு மூன்று மாடியில். தக்கைக்கும் முள்ளுக்கும் இடையே ஒரு முழம் விட்டு வைத்துவிட்டு, காலையிலிருந்து மிர்கால் வரவில்லையே என்றால் எப்படி வரும்?

முதலில் ஈயத்தை மட்டும் கட்டிப் போட்டு ஆழம் பாருங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் ஈயம் தரையில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். தக்கையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறக்குங்கள். அது நிமிர்ந்து நிற்கிற இடம்தான் ஆழம். அங்கிருந்து உங்களுக்கு எந்த மீன் வேண்டுமோ அதற்கேற்ற அளவு வைத்துக்கொள்ளலாம். குளத்தில் தண்ணீர் வாரத்துக்கு வாரம் இறங்கும் என்பதால் போன வாரத்து அளவு இந்த வாரத்துக்கு உதவாது.

முடிச்சை உலர்ந்தபடியே இறுக்குவது

ஒருமுறை ஆற்றில், அரியநாயகிபுரம் அணைக்கட்டுக்குக் கீழே, நல்ல எடையுள்ள கட்லா ஒன்று மாட்டியது. ரீல் சத்தம் போட்டுக்கொண்டு ஓடியது. இருபது நிமிஷம் போராடி, அதன் வயிறு வெள்ளையாகத் திரும்புகிற வரை கொண்டுவந்துவிட்டேன். அப்புறம் திடீரென்று கை லேசானது. நரம்பு அறுந்துவிட்டது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று பொருமிக்கொண்டே நுனியை எடுத்துப் பார்த்தேன். பாகல் கொடியின் சுருள் மாதிரி சுருண்டிருந்தது. கடைக்காரர்மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் போட்ட முடிச்சு வழுக்கி அவிழ்ந்திருந்தது.

அன்றிலிருந்து ஒவ்வொரு மீன் தப்பும்போதும் நரம்பின் நுனியைத்தான் முதலில் பார்ப்பேன். சுருண்டிருந்தால் முடிச்சு. சொரசொரவென்று பிசிறியிருந்தால் பாறையிலோ சிப்பியிலோ உரசியிருக்கிறது. நைலான் நரம்பை உலர்ந்தபடி இறுக்கும்போது உரசலில் சூடேறி அந்த இடம் பலமிழந்து போகும். எச்சில் தொட்டு, மெதுவாக இறுக்குங்கள். பின்னல் நூலென்றால் இன்னும் இரண்டு சுற்றுக் கூடுதலாகப் போட வேண்டும். அது வழவழப்பானது, சாதாரண முடிச்சு அதில் நிற்காது. வெயிலில் ஒரு வருஷம் கிடந்த நரம்பையும் மாற்றிவிடுங்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், கையால் சுண்டி இழுத்தால் படக்கென்று போகும்.

டிராக்கைக் கெட்டியாக இறுக்குவது

எவ்வளவு இழுப்புக்கு ரீல் நூலை விட வேண்டும் என்று வைக்கிற திருகுதான் டிராக். நரம்பு 8 கிலோ தாங்கும் என்றால் 2 கிலோ இழுப்புக்கே ரீல் நூலை விட வேண்டும்.

குஞ்சோடு நிற்கிற விராலைப் பிடிப்பது

நான் இதை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான்.

அடைமழை ஓய்ந்து குளம் பெருகி நிற்கும்போது, கரையோரப் புல்லுக்குள் ஒரு சின்ன வெளியில், தண்ணீர்மேல் தூறல் விழுவதுபோலத் தெரியும். மேலே மழை இருக்காது. கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தால் குங்குமத்தை அள்ளிக் கரைத்த மாதிரி செக்கச்செவேல் என்று ஒரு கூட்டம். ஒவ்வொன்றும் ஒரு வெந்தயத்தைவிடக் கொஞ்சம் நீளம். அவைதான் விரால் குஞ்சுகள். விராலுக்கு மேலே வந்து காற்றுக் குடிக்காமல் முடியாது. அதனால் அந்தக் கூட்டம் மொத்தமும் மேலே வந்து வாயைத் திறந்துவிட்டுக் கீழே போகும். மறுபடி வரும். அதற்கு அடியில் உற்றுப் பார்த்தால் கறுப்பாகக் கட்டை மாதிரி ஒன்று அசையாமல் நிற்கும். அது காவல் நிற்கிற பெரிய விரால்.

விரால் முட்டையைப் போட்டுவிட்டுப் போகிற மீன் இல்லை. செடிகளை விலக்கி இடம் செய்து, மிதக்கிற முட்டைகளுக்குக் காவல் இருந்து, குஞ்சு பொரித்த பிறகும் அவை கறுத்து வளர்ந்து தனித்தனியே பிரிகிற வரை கூடவே திரியும். பெரும்பாலும் தகப்பன்தான் விடாமல் நிற்கும். அந்த நாட்களில் அதற்குக் குஞ்சுக்குப் பக்கத்தில் எது விழுந்தாலும் எதிரிதான். தவளையை அந்தச் செவப்புக்கு மேலே வீசினால் முதல் வீச்சிலேயே அடிக்கும். பசித்து அடிக்கவில்லை, விரட்டுவதற்காக அடிக்கிறது. புதிதாக வந்த பையன்களுக்கு இதுதான் குறுக்குவழியாகத் தெரிகிறது. "குஞ்சு தெரியுது, அங்க போடுலே" என்று ஒருத்தனுக்கு ஒருத்தன் கை காட்டுகிறார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

வருவதற்குக் காரணம் இருக்கிறது. இருபது வயதில் நானும் இதைச் செய்தேன். ஒரு மார்கழிக் காலையில் இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்துவிட்டு, இரண்டு கிலோவுக்கு மேலே ஒரு விராலைத் தூக்கினேன். சாயங்காலம் போய் அதன் ஜோடியையும் தூக்கினேன். தெருவில் எல்லாரும் வந்து பார்த்தார்கள். மறுநாள் ஆசையில் அதே இடத்துக்குப் போனேன். உருண்டையாக இருந்த கூட்டம் சிதறி, தாறுமாறாக மேலே வந்துகொண்டிருந்தது. மீன்கொத்தி ஒன்று கருவேலங்கிளையிலிருந்து குதித்துக் குதித்து எடுத்துக்கொண்டிருந்தது. இரண்டு கொக்கு கரையிலேயே நின்று பொறுக்கிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து குறவையும் கெளுத்தியும் தின்றது கண்ணுக்குத் தெரியாத கணக்கு. அங்கே ஆடு மேய்த்துக்கொண்டிருந்த தாத்தா என் பக்கத்தில் வந்து நின்றார். திட்டவில்லை. "எய்யா, ரெண்டையும் தூக்கிட்டியே, இதுகள இனிம யாரு பாப்பா?" என்று மட்டும் கேட்டார். மூன்றாம் நாள் அங்கே செவப்பே இல்லை.

அந்த ஒரு ஜோடியால்தான் குளம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். அப்போது நாங்கள் ஏழெட்டுப் பேர் அதே வேலையாகத்தான் அலைந்தோம். இரண்டு மூன்று வருஷத்தில் அந்தக் குளத்தில் விரால் அடிக்கிற சத்தம் அபூர்வமாகிவிட்டது. சிலேபி பெருகியது. சிலேபிக் குஞ்சைத் தின்று அடக்கி வைக்க விரால் இல்லாததால், உள்ளங்கை அளவைத் தாண்டாத சிலேபிகள் கூட்டம் கூட்டமாகத் திரிந்தன. விரால் இல்லாத குளத்துக்குக் குறவை அதிகாரி என்பார்கள். எங்கள் குளத்துக்குச் சிலேபி அதிகாரி ஆனது.

செவப்பைப் பார்த்தால் குறைந்தது ஐம்பது காலடி தள்ளிப் போய் வீசுங்கள். குஞ்சு வளர்ந்து கறுத்துவிட்டால் கூட்டம் சட்டென்று தெரியாது என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தவளையை வாயைத் திறக்காமல் முட்டிவிட்டுத் திரும்பிப் போகிற விரால், மறுபடி மறுபடி ஒரே இடத்திலேயே முட்டினால், பக்கத்தில் குஞ்சு இருக்கிறதா என்று பாருங்கள். தெரியாமல் மாட்டிவிட்டால் தூக்கிப் படமெடுத்துக்கொண்டு நிற்காமல் முள்ளைக் கழற்றி அதே இடத்தில் விட்டுவிடுங்கள். முள் நுனியில் பின்பக்கம் நீட்டியிருக்கிற சின்னக் கொக்கியை முன்னாலேயே குறடால் நசுக்கி வைத்திருந்தால் அரை நிமிஷ வேலை. செவப்பாக அழகாக இருக்கிறதே என்று குஞ்சுகளைப் பாட்டிலில் அள்ளிக்கொண்டு போகிற சின்னப் பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.

குஞ்சுக்குக் காவல் நிற்காத விராலைப் பிடிக்க வழியா இல்லை? விடிகிற நேரத்தில் அமலையின் ஓரத்தில், தாமரை இலைகளுக்கு இடையே இருக்கிற ஓட்டையில்தான் அது படுத்திருக்கும். தவளையை ஓட்டைக்கு அந்தப் பக்கம் இலைமேல் போட்டு, இலை இலையாக இழுத்து வந்து, ஓட்டையில் இறங்கியதும் நிறுத்துங்கள். தண்ணீர் வளையம் அடங்குகிற வரை பொறுங்கள். அடி விழும். அந்த நொடியே இழுத்தால் தவளை மட்டும் உங்கள் முகத்துக்குப் பறந்து வரும். ரப்பர் தவளையின் முள் அதன் முதுகோடு ஒட்டிக் கிடக்கிறது, விரால் அதை அமுக்கித் திரும்பினால்தான் முள் வெளியே வரும். ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு இழுங்கள். இதற்குப் பொறுமை வேண்டும். ஒரு காலை முழுக்க ஒரு அடிகூட விழாமல் போகலாம். ஆனால் அப்படி ஒன்று மாட்டினால் அதை வீட்டுக்குக் கொண்டுபோக எனக்கு எந்த உறுத்தலும் இல்லை.

கேட்காமல் குளத்தில் தூண்டில் போடுவது

மீன்பாசி, அதாவது குளத்து மீனைப் பிடிக்கிற உரிமையை, ஏலம் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். குஞ்சு வாங்கி விட்டது அவர் காசு.

போகவே கூடாத இடங்கள்

பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறை புலிகள் காப்பகம். அங்கே தூண்டிலை எடுத்துக்கொண்டே போகாதீர்கள். பாபநாசம் கோயில் படித்துறை மீன்கள் சனங்கள் பொரி போட்டு வளர்ப்பவை.

ஆற்றின் நடுப்பாறையில் உட்கார்ந்து மறந்துபோவது

இங்கே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருக்கும். மேலே மலையில் மழை பெய்திருக்கும், அல்லது அணையில் தண்ணீர் திறந்திருப்பார்கள். தாமிரபரணி சத்தம் போடாமல் ஏறும். பாறைக்குப் போனதும் தண்ணீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டு வையுங்கள். குச்சியின் அடி நனைந்து மேலே ஏறுகிறதென்றாலோ, தெளிந்த தண்ணீரில் சருகும் நுரையும் வர ஆரம்பித்தாலோ, மாட்டிய மீனை விட்டுவிட்டாவது கரைக்கு வந்துவிடுங்கள்.

மின்கம்பிக்குக் கீழே கார்பன் ராடு

வேண்டவே வேண்டாம். கார்பனில் மின்சாரம் பாயும்.

அறுந்த நரம்பைக் கரையில் போடுவது

பறவைகள் சரணாலயமான கூந்தன்குளத்துக்கு வருகிற நாரையும் கூழைக்கடாவும் கூந்தன்குளத்தில் மட்டும் மேய்வதில்லை. சுற்றுவட்டாரக் குளமெல்லாம் அவற்றுக்கு மேய்ச்சல்தான். மட்காத நைலான் துண்டு கரைப் புல்லில் கிடந்தால் கண்ணுக்கே தெரியாது, காலில் சுற்றினால் அவிழாது. நான் காலித் தீப்பெட்டி ஒன்று வைத்திருக்கிறேன். அறுந்த துண்டையெல்லாம் அதில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவேன்.

போன மாசம் மடைப் பக்கம் ஒரு நீர்க்காகம் இறக்கை விரித்தபடி துடித்துக்கொண்டு கிடந்தது. இரண்டு காலையும் சேர்த்து நரம்பு சுற்றியிருந்தது. தோள்துண்டை எடுத்து அதன் தலையில் போட்டு, அந்தப் பையன்களில் ஒருவன் பிடித்துக்கொள்ள, நகவெட்டியால் ஒவ்வொரு சுற்றாக அறுத்தெடுத்தேன். ஒரு விரல் ஏற்கெனவே கறுத்துப் போயிருந்தது. தோள்துண்டை எடுத்ததும் தடுமாறித் தண்ணீரில் விழுந்து, கொஞ்ச தூரம் நீந்தி, அப்புறம் எழும்பிப் போய் எதிர்க்கரைக் கருவேலமரத்தில் உட்கார்ந்தது.